செப்டம்பரில் கென்யாவின் மசாய் மாரா காட்டுயிர்க் காப்பகத்துக்குப் போனால் வில்டபீஸ்ட் (மாடு போலத் தெரியும் பெரிய மான் வகை விலங்கு) கூட்டம் ஆற்றைக் கடப்பதைப் பார்க்க முடியுமா?

முடியும், ஆனால் உறுதி சொல்ல முடியாது. தான்சானியாவின் செரங்கெட்டியிலிருந்து பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வில்டபீஸ்ட்கள் புல்லைத் தேடி வடக்கே நகர்கின்றன. பொதுவாக ஜூலை முதல் அக்டோபர் வரை அவை கென்யா பக்கம் இருக்கும். மழைதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. டூர் ஏஜென்ட் தேதி குறித்துக் கொடுத்தால் நம்பாதீர்கள்.

மாரா ஆற்றங்கரையில் நடப்பது பெரும்பாலும் காத்திருப்புதான். கூட்டம் வந்து நெரிந்து நிற்கும். முன்னால் நிற்பது தண்ணீரை முகர்ந்துவிட்டுப் பின்வாங்கும். ஒரு வரிக்குதிரை கனைத்தாலே மொத்தமும் திரும்பி ஓடிவிடும். மணிக்கணக்கில் இப்படியே போகும். திடீரென ஒன்று குதிக்கும், அவ்வளவுதான், புழுதி கிளம்ப மற்றவை எல்லாம் பின்னாலேயே பாயும். எல்லோரும் முதலையைத்தான் தேடுவார்கள். உண்மையில் முதலையிடம் சிக்குவதைவிட நெரிசலிலும் வெள்ளத்திலும் மூழ்கிச் சாவதுதான் அதிகம். அந்தச் சடலங்களால் கழுகுகளும் மராபு நாரைகளும் மீன்களும் பிழைக்கின்றன.

ஜீப்பை இறங்குதுறைக்கு ஒட்டி நிறுத்தச் சொல்லி டிரைவரை நச்சரிக்காதீர்கள். வண்டிகள் வழியை மறித்தால் கூட்டம் கடக்காமலே திரும்பிவிடும். பைனாகுலர் இருந்தால் தூரத்திலிருந்தே நன்றாகத் தெரியும்.

குறைந்தது மூன்று இரவாவது தங்குங்கள். இந்தியாவிலிருந்து போகிறவர்கள் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் பயணத்துக்குப் பத்து நாள் முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். சான்றிதழ் இல்லாவிட்டால் திரும்பி வரும்போது விமான நிலையத்தில் சிக்கல்.