கீழ்வீட்டில் கேட்கும் பாஸ் ஒலி: புதிதாகக் குடியேறிய தம்பிக்கு ஒரு பதில்

அன்புள்ள தம்பிக்கு,

மரச்சட்டங்களால் கட்டப்பட்ட அடுக்குமாடி ஒன்றின் இரண்டாம் தளத்தில் குடியேறி, ஒலியைப் பெருக்கி அனுப்பும் ரிசீவரும், ஸ்பீக்கர்களும், பாஸ் எனப்படும் தாழ்ந்த ஒலிகளுக்கென்றே உள்ள ஒரு சப்வூஃபரும் வாங்கி வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். கீழ்வீட்டுக்காரர் கதவிடுக்கில் ஒரு சீட்டைச் செருகிவிட்டுப் போயிருக்கிறார். சத்தத்தைக் குறைத்துத்தான் வைத்திருக்கிறேன், பிறகும் அவருக்கு எப்படிக் கேட்கிறது, நாம் வெளிநாட்டவர் என்பதால் குறை சொல்கிறாரா, சப்வூஃபருக்கு அடியில் எந்த ஃபோமை வைத்தால் இது தீரும் என்பவை உங்கள் கேள்விகள்.

இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதுதான் உங்கள் மனத்தை அதிகம் வருத்துகிறது என்று தெரிகிறது. புலம்பெயர்ந்த இடத்தில் நம்மை விரும்பாதவர்கள் எவருமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் பாஸ் ஒலி பற்றி வரும் முறையீட்டை அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். நீங்கள் உங்கள் இருக்கையில் உட்கார்ந்து கேட்பதைவிட அதிகமான பாஸ், அதுவும் பாஸ் மட்டுமே, அவருடைய படுக்கையறையில் கேட்க முடியும். இதற்கு மூன்று காரணங்கள் உண்டு. அவற்றைப் புரிந்துகொண்டால் எதை வாங்க வேண்டும், எதை வாங்கத் தேவையில்லை என்பதும் தெளிவாகிவிடும்.

முதலாவது காரணம் தளத்தின் எடை. ஒரு சுவரோ தளமோ காற்றுவழி ஒலியைத் தடுப்பது முக்கியமாகத் தன் எடையால்தான். எடை இரட்டித்தால் தடுப்பு ஏறத்தாழ 6 டெசிபல் (ஒலியளவின் அலகு) கூடும், ஒலியின் அதிர்வெண் (நொடிக்கு எத்தனை அதிர்வு என்பது, அலகு ஹெர்ட்ஸ்) பாதியானால் அதே 6 டெசிபல் குறையும். இந்தக் கணக்குப்படி 640 ஹெர்ட்ஸில் ஒரு தளம் எவ்வளவு தடுக்கிறதோ, 40 ஹெர்ட்ஸில் அதைவிட 24 டெசிபல் குறைவாகவே தடுக்கும். ஆகவே உங்கள் படத்தின் வசனம் முழுவதும் தளத்திலேயே நின்றுவிடுகிறது, வெடிச்சத்தத்தின் அடிப்பகுதி மட்டும் கீழே இறங்குகிறது. காங்கிரீட் வீடுகளில் வளர்ந்த நமக்கு இது எளிதில் பிடிபடாது. மரத்தளத்தில் மேலே பலகை, கீழே ஜிப்சம் தட்டு, நடுவே காற்று. அமைப்பிலேயே அது ஒரு மத்தளம். இரண்டு தட்டுகளும் இடையிலுள்ள காற்றும் சேர்ந்து தாழ்ந்த அதிர்வெண் ஒன்றில் தாமாகவே ஒத்ததிரும்; அந்த இடத்தில் தடுப்பு, எடைக் கணக்கு சொல்வதைக் காட்டிலும் மோசமாக இருக்கும்.

இரண்டாவது காரணம் உங்கள் அறையின் நீளம். இதைத்தான் பெரும்பாலானோர் கவனிப்பதில்லை, ஆகவே சற்று விரிவாகவே சொல்கிறேன். ஒலி காற்றில் நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் செல்கிறது. 40 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் எட்டரை மீட்டருக்குச் சற்று அதிகம். அறையின் நீளம் அதில் பாதி, அதாவது 4.3 மீட்டர் என்றால், அந்த ஒலி எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே நிலையான அலையாகத் தங்கிவிடும்: சுவர்களின் ஓரத்தில் மிக உரக்கவும், நட்டநடுவில் மிக மெல்லியதாகவும் இருக்கும். உங்கள் சோஃபா அறையின் நடுவில் இருக்குமானால், 40 ஹெர்ட்ஸ் உங்கள் காதுக்கு ஏறத்தாழ வருவதே இல்லை. பாஸ் போதவில்லை என்று நினைத்துச் சப்வூஃபரின் குமிழைத் திருப்புகிறீர்கள். திருப்பத் திருப்ப, சுவர் ஓரங்களும் தளத்தின் விளிம்புகளும் அதை முழுவதுமாக வாங்கிக் கீழே அனுப்புகின்றன. “குறைவாகத்தான் வைத்திருக்கிறேன்” என்று நீங்கள் மனமறிந்து சொல்வதும், “தாங்க முடியவில்லை” என்று அவர் எழுதியிருப்பதும் ஒரே நேரத்தில் உண்மையாக இருப்பது இதனால்தான்.

மூன்றாவது காரணம் மனிதக் காது. தாழ்ந்த ஒலிகளுக்கு நம் காது மந்தமானது. 20 ஹெர்ட்ஸ் ஒலி கேட்கத் தொடங்குவதற்கே 78 டெசிபலுக்கு மேல் தேவைப்படுகிறது. ஆனால் கேட்கத் தொடங்கிய பிறகு அது மிக வேகமாக உரத்துக்கொண்டு போகும். நடு அதிர்வெண்களில் ஒலி இரட்டிப்பாகத் தோன்றுவதற்குப் பத்து டெசிபல் கூட வேண்டும். 50 ஹெர்ட்ஸ் அளவில் ஆறேழு டெசிபலே அதைச் செய்துவிடும். இதில் உங்களுக்கு நன்மையும் இருக்கிறது: நீங்கள் ஆறேழு டெசிபல் குறைத்தால் அவருக்குப் பாதியாகிவிடும், இன்னும் சில டெசிபல் குறைத்தால் கேட்கும் எல்லைக்கு அடியிலேயே போய்விடக்கூடும்.

கைப்பேசிச் செயலியில் அளந்து பார்த்தேன், 50 டெசிபல்தான் காட்டியது என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்த எண்ணை அவரிடம் காட்டாதீர்கள். அத்தகைய செயலிகள் வழக்கமாக, தாழ்ந்த ஒலிகளைக் குறைத்துக் கணக்கிடும் ஏ-எடையிடல் என்ற முறையில் அளக்கின்றன. அது 50 ஹெர்ட்ஸில் 30 டெசிபலையும், 31.5 ஹெர்ட்ஸில் 39 டெசிபலையும் கழித்துவிட்டுக் காட்டும். அளக்கத்தான் வேண்டுமென்றால், தாழ்ந்த ஒலியை அவ்வளவாகக் கழிக்காத சி-எடையிடலுக்கு மாற்றி அளந்து பாருங்கள். அப்போதும் கைப்பேசியின் மைக் மிகத் தாழ்ந்த ஒலியைச் சரியாகப் பிடிக்காது என்பதை மனத்தில் கொள்ளுங்கள்.

இப்போது ஃபோமுக்கு வருகிறேன். சுவரில் ஒட்டும் ஃபோம் தட்டுகளை வாங்கவே வாங்காதீர்கள். ஓர் ஒலியை நன்றாக உறிஞ்ச, உறிஞ்சும் பொருளின் தடிப்பு அதன் அலைநீளத்தில் கால்பங்குக்கு அருகிலாவது இருக்க வேண்டும். 40 ஹெர்ட்ஸுக்கு அது இரண்டு மீட்டருக்கும் மேல். ஐந்து சென்டிமீட்டர் ஃபோம் அறையின் எதிரொலியைக் குறைக்கும், பேச்சைத் தெளிவாக்கும், பாஸை ஒன்றும் செய்யாது. தரைக் கம்பளமும் அப்படித்தான். காலடிச் சத்தத்துக்கு அது மிக நல்லது, சப்வூஃபருக்குப் பயனில்லை.

சப்வூஃபருக்கு அடியில் வைக்கும் தாங்கிகளின் கதை வேறு. அவை காற்றுவழிச் செல்லும் ஒலியைத் தொடுவதில்லை. பெட்டியின் அதிர்வு நேராகத் தரைக்குள் இறங்குவதை மட்டும் குறைக்கும். அதையும் எல்லாத் தாங்கிகளும் செய்வதில்லை. பெட்டியும் தாங்கியும் சேர்ந்தால் அவற்றுக்கென்று ஓர் இயல்பு அதிர்வெண் அமைகிறது; அதைப் போல் ஏறத்தாழ 1.4 மடங்குக்கு மேற்பட்ட அதிர்வுகளைத்தான் தாங்கி தடுக்கும், அந்த இயல்பு அதிர்வெண்ணுக்கு அருகில் இருப்பவற்றை அது பெருக்கிவிடும். பெட்டியை வைத்ததும் தாங்கி எவ்வளவு அமுங்குகிறது என்பதிலிருந்தே இதைக் கணிக்கலாம். 10 மில்லிமீட்டர் அமுங்கினால் இயல்பு அதிர்வெண் 5 ஹெர்ட்ஸ். அது எல்லாப் பாஸ் ஒலிக்கும் நல்லது. ஒரு மில்லிமீட்டர் அமுங்கினால் 16 ஹெர்ட்ஸ். ஓரளவு பயன் உண்டு. கால் மில்லிமீட்டர்தான் அமுங்குகிறது என்றால் 32 ஹெர்ட்ஸ், அதாவது எந்த ஒலியைத் தடுக்க நினைத்தீர்களோ அதையே பெருக்குகிறீர்கள். கடினமான மெல்லிய ரப்பர் வில்லைகள் பெரும்பாலும் இந்த மூன்றாம் வகையைச் சேர்ந்தவை. ரப்பர், அமுக்கத்தைப் பார்த்து நாம் கணிப்பதைவிட அதிர்வின்போது இன்னும் விறைப்பாக நடந்துகொள்ளும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆகவே உங்கள் பெட்டியின் எடைக்கென்று குறிப்பிட்ட தாங்கியை வாங்குங்கள். பெட்டி இலேசானதாக இருந்தால், தாங்கிகளின்மேல் கனமான கல்பலகை ஒன்றை வைத்து அதன்மேல் பெட்டியை வையுங்கள். எடை கூடினால் தாங்கி நன்றாக அமுங்கும், பெட்டியும் ஆடாமல் நிற்கும். கூர்முனை ஆணிகள் அதிர்வைத் தடுப்பவை என்று விளம்பரங்களில் வரும். அவை பெட்டியைத் தரையோடு இறுக்கிப் பிணைப்பவை, உங்கள் நிலைமைக்கு அவற்றைக் கழற்றிவிடுங்கள்.

எதையும் வாங்குவதற்கு முன் ஒரு சோதனை செய்து பாருங்கள். பெட்டியைத் தடித்த மெத்தையின்மீதோ சில தலையணைகளின்மீதோ வைத்து, அதே காட்சியை அதே சத்தத்தில் ஓட விட்டு, கீழ்வீட்டுக்காரரிடம் வேறுபாடு தெரிகிறதா என்று கேளுங்கள். நன்றாகக் குறைந்தது என்றால் தாங்கிக்குச் செலவழிக்கலாம். மாற்றமே இல்லை என்றால் ஒலி காற்றுவழியில்தான் போகிறது, எந்தத் தாங்கியும் உதவாது. சப்வூஃபரைப் பொறுத்தவரை இரண்டாவது விடை வருவதற்கே வாய்ப்பு அதிகம் என்பது என் கருத்து. தாங்கி வைத்ததும் உங்கள் சொந்தத் தரை அதிர்வது நின்றுவிடும். நீங்கள் பிரச்சினை தீர்ந்தது என்று நினைப்பீர்கள், கீழே அது அப்படியே இருக்கும்.

அப்படியானால் மிஞ்சும் வழி ஒன்றுதான்: அறைக்குள் உண்டாகும் பாஸின் அளவைக் குறைத்து, அந்தக் குறைந்த அளவே உங்களுக்கு நிறைவாகக் கேட்கும்படி செய்வது. இதில் முதலில் மாற்ற வேண்டியது பெட்டி அல்ல, உங்கள் இருக்கை. சோஃபாவை அறையின் நடுவிலிருந்து நகர்த்தி, பின்சுவரை நோக்கிச் சற்றுத் தள்ளிப் போடுங்கள். பிறகு சப்வூஃபரைத் தொலைக்காட்சிக்குப் பக்கத்திலிருந்து எடுத்து, சோஃபாவுக்குப் பின்னாலோ பக்கத்திலோ கைக்கெட்டும் தூரத்தில் வையுங்கள். பெட்டி அருகில் வர வர, அதே பாஸ் உங்கள் காதில் விழுவதற்குத் தேவைப்படும் சத்தம் குறையும். திறந்தவெளியில் கிடைக்கும் அளவு அறைக்குள் கிடைக்காது என்றாலும், நீங்கள் குமிழை நன்றாகவே இறக்க முடியும். எந்த அதிர்வெண்ணுக்குக் கீழுள்ள ஒலி சப்வூஃபருக்குப் போக வேண்டும் என்று பிரிக்கும் கிராஸ்ஓவரை 80 ஹெர்ட்ஸிலேயே வைத்திருந்தால், ஒலி பின்னாலிருந்து வருவதாகத் தோன்றாது. பக்கத்து வீட்டோடு பகிர்ந்துகொள்ளும் சுவரையும் மூலைகளையும் தவிருங்கள். வெளிச்சுவர் இருக்கும் பக்கமே நல்லது.

அடுத்தது, ஒவ்வோர் அதிர்வெண்ணையும் தனித்தனியே கூட்டவும் குறைக்கவும் உதவும் ஈக்வலைசர். உங்கள் ரிசீவருடன் ஒரு மைக் வந்திருக்கும். அதை வைத்து அறையை அளந்து திருத்தும் வசதியை ஒருமுறை பொறுமையாகச் செய்து முடியுங்கள். அது ஓங்கி நிற்கும் அதிர்வெண்களை வெட்டும். வெட்டப்படுவதில் பெரும்பகுதி கீழ்வீட்டுக்காரரை எழுப்பிக்கொண்டிருந்ததாகவே இருக்கும். வெட்டுவது எப்போதும் நல்லது. கேட்காத அதிர்வெண்ணைக் கையால் ஏற்றிச் சரிசெய்ய முயலாதீர்கள், அது உங்களுக்குக் கேட்காது, கீழேதான் போகும். சத்தம் குறைவாக இருக்கும்போது பாஸைத் தானாகவே உயர்த்தும் வசதி சில ரிசீவர்களில் இருக்கும். ஆடிசி என்ற நிறுவனத்தின் ஒலித்திருத்த மென்பொருளிலுள்ள டைனமிக் ஈக்யூ அத்தகையது. இரவில் அதை அணைத்துவிடுங்கள். மாறாக, அதே ஆடிசி தரும் எல்.எஃப்.சி. என்ற வசதி, சுவர்களையும் தளங்களையும் கடந்துபோகும் தாழ்ந்த ஒலியைக் கட்டுப்படுத்துவதற்கென்றே வடிவமைக்கப்பட்டது. உங்கள் மாதிரியில் இருந்தால் பயன்படுத்துங்கள். உரத்த ஒலிக்கும் மெல்லிய ஒலிக்கும் உள்ள இடைவெளியைக் குறைக்கும் இயங்கு வீச்சுச் சுருக்கமும் (ரிசீவரின் பட்டியலில் இரவுப் பயன்முறை என்று இருக்கும்) நல்ல துணை; வசனம் தெளிவாகவும் வெடிச்சத்தம் அடங்கியும் வரும்.

பெட்டியில் காற்றுத்துளை இருக்குமானால், அதோடு வந்த ஃபோம் அடைப்பானையோ ஒரு சுருட்டிய துணியையோ செருகிப் பாருங்கள். மிகத் தாழ்ந்த ஒலிகளின் வெளிப்பாடு கணிசமாகக் குறையும், எஞ்சியிருக்கும் பாஸ் இறுக்கமாகவும் இருக்கும். இரவு வெகுநேரம் படம் பார்ப்பவர் என்றால் சப்வூஃபரை அணைத்துவிட்டு, ரிசீவரின் அமைப்பிலும் அது இல்லை என்று குறிப்பிடுங்கள். இல்லையென்றால் அந்தப் பகுதி ஒலி எங்கும் போகாமல் காணாமல் போய்விடும். இரவுக்கு மிகச் சிறந்தது ஹெட்ஃபோன்தான். சோஃபாவின் அடியில் பொருத்தும் அதிர்வூட்டிகளும் உண்டு. அவை காற்றில் ஏறத்தாழ ஒலியே எழுப்பாமல் உடலுக்கு அதிர்வைத் தருபவை. ஆனால் சோஃபாவின் கால்களுக்கு அடியில் மென்மையான தாங்கிகள் இல்லாவிட்டால் அந்த அதிர்வு முழுவதும் தரைக்குள் இறங்கிவிடும்.

கடைசியாக, அந்தச் சீட்டுக்கு நீங்கள் தரவேண்டிய பதில். மேலே சொன்ன மாற்றங்களை முதலில் செய்துவிட்டு, பகல் வேளையில் அவர் வீட்டுக் கதவைத் தட்டி, சீட்டு கிடைத்தது, சரிசெய்ய முயன்றுகொண்டிருக்கிறேன், உங்கள் உதவி வேண்டும் என்று சொல்லுங்கள். மொழி இன்னும் சரளமாக வரவில்லை என்றால் இதை எழுதிக் கொடுத்தாலும் போதும். அவர் தம் படுக்கையறையில் நிற்கட்டும். உங்கள் வீட்டிலிருந்து ஒருவர் அவரோடு கைப்பேசியில் பேசிக்கொண்டிருக்க, பாஸ் மிகுந்த ஒரு காட்சியை ஓடவிட்டு, அவருக்குக் கேட்காமல் போகும்வரை சப்வூஃபரின் அளவைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். அந்த நிலையைக் குமிழில் ஒரு சிறு ஒட்டுத்தாளால் குறித்து வையுங்கள்; ரிசீவரில் அப்போதிருந்த சத்த எண்ணையும் எழுதிக்கொள்ளுங்கள். இரவுக்கு அதுவே எல்லை. பகலுக்குக் கொஞ்சம் கூடுதலான எல்லையை அவரிடமே கேட்டு முடிவு செய்யலாம், பெரும்பாலானோர் மனமுவந்து தருவார்கள். வாடகை ஒப்பந்தத்தில் அமைதி நேரம் எழுதப்பட்டிருக்கிறதா என்று இன்றே பாருங்கள். முறையீடு வீட்டு உரிமையாளரிடம் போனால் முதலில் எடுத்துக் காட்டப்படுவது அந்தப் பத்தியாகத்தான் இருக்கும். அவரோடு பேசி முடிவுசெய்ததை, தேதி போட்டு, இரண்டு மூன்று வரிகளில் குறுஞ்செய்தியாக அவருக்கே அனுப்பி வையுங்கள். பின்னர் எவரேனும் கேட்டால், நீங்கள் அக்கறையோடு நடந்துகொண்டதற்கு அது சான்றாக இருக்கும்.