குளிர்கால டயர், ஸ்னோ செயின், நம்மூர் மழை: கேட்டவர்களுக்குப் பதில்

ராணுவத்தில் 17 வருஷம் வண்டி ஓட்டினேன். அதில் மூன்று குளிர்காலம் சோஜிலா கணவாய்க்கு அந்தப் பக்கம், லடாக்கின் திராஸில். இப்போது பாளையங்கோட்டையில் டயர் வேலை. பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிற வீடுகளிலிருந்தும், மணாலிக்குக் கிளம்புகிறவர்களிடமிருந்தும் பனி டயர் பற்றிக் கேள்விகள் வந்துகொண்டே இருக்கின்றன. சேர்த்து வைத்து எழுதுகிறேன்.

பாளையங்கோட்டையிலிருந்து ஒரு அம்மா: மகள் ஜெர்மனியில் பழைய கார் ஒன்று வாங்கியிருக்கிறாள். குளிர்கால டயர் இல்லாமல் ஓட்டினால் அபராதம் என்கிறாளே, அப்படி என்ன வித்தியாசம் அதில்?

மார்கழி காலையில் தேங்காயெண்ணெய் பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்தாலும் ஒரு சொட்டு விழாது இல்லையா அம்மா? டயர் ரப்பருக்கும் அப்படி ஒரு கட்டம் இருக்கிறது. வெப்பம் ஏழு டிகிரிக்குக் கீழே போனால் சாதாரண டயரின் ரப்பர் விறைக்கத் தொடங்கும். விறைத்த ரப்பர் ரோட்டைப் பிடிக்காது, வழுக்கும். பனி விழ வேண்டும் என்றுகூட இல்லை, வெறும் ஈர ரோட்டிலேயே பிரேக் தூரம் கூடிவிடும். குளிர்கால டயரின் கலவை வேறு, குளிரிலும் இளக்கமாகவே இருக்கும். அதன் கட்டைகளில் பிளேடால் கீறியது போல மெல்லிய வெட்டுகள் நூற்றுக்கணக்கில் ஓடும். சக்கரம் அழுந்தும்போது அவை திறந்து பனியைக் கவ்வும்.

ஜெர்மனியில் தேதி வைத்துச் சட்டம் இல்லை. ரோட்டில் பனி, உறைந்த ஈரம், சேறுபனி இருந்தால் குளிர்கால டயர் கட்டாயம். அக்டோபரில் மாட்டி ஈஸ்டருக்குக் கழற்றுவது அங்கே வழக்கம். முக்கியமானது அடையாளம். டயரின் பக்கவாட்டில் மூன்று சிகரமுள்ள மலையும் அதற்குள் ஒரு பனிப்பூவும் இருக்க வேண்டும். 'எம் பிளஸ் எஸ்' என்ற எழுத்து மட்டும் இருந்தால் 2024 அக்டோபரிலிருந்து அங்கே செல்லாது. எந்தச் சோதனையும் இல்லாமல் கம்பெனியே அச்சடித்துக்கொள்ளக்கூடிய எழுத்து அது. மலைக்குறி உள்ள ஆல்-சீசன் டயரும் சட்டப்படி சரிதான்.

பட்டன் ஆழம், அதாவது டயரின் மேல்பக்கக் கட்டைகளுக்கு நடுவே உள்ள பள்ளத்தின் ஆழம், 1.6 மி.மீ. இருந்தால் சட்டம் விட்டுவிடும். பனிக்கு அது போதாது. நான்கு மி.மீ.க்குக் கீழே போனால் மாற்றச் சொல்லுங்கள். அப்புறம், பழைய கார் என்கிறீர்கள். ஒவ்வொரு டயரிலும் நீள்வட்டத்துக்குள் இருக்கிற கடைசி நாலு இலக்கத்தை மகளைப் படித்துச் சொல்லச் சொல்லுங்கள். 2319 என்றால் 2019-ஆம் வருஷம் 23-வது வாரம் செய்த டயர் என்று அர்த்தம். நாலு டயரையும் பார்க்க வேண்டும், ஒன்றைப் பார்த்துவிட்டு நிறுத்தக் கூடாது.

தென்காசியிலிருந்து: ஜனவரியில் சொந்த காரிலேயே மணாலி போகிறோம், குழந்தைகளோடு. ஸ்னோ செயின் இங்கேயே வாங்கவா, அங்கே வாங்கவா?

மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிப் போகிறீர்கள் தம்பி. அதில் செயின், அதாவது பனியில் வழுக்காமலிருக்க டயரின் மேல் சுற்றி மாட்டுகிற சங்கிலி, தேவைப்படுவது கடைசிக் கொஞ்ச தூரம்தான், அதுவும் பனி விழுந்தால். ஆனால் அந்தக் கொஞ்ச தூரத்தில்தான் குடும்பம் பள்ளத்தாக்கை ஒட்டிப் போகும். அதனால் விளக்கமாகவே சொல்கிறேன்.

முதலில் காரோடு வந்த புத்தகத்தைத் திறந்து பாருங்கள். செயின் போடலாமா, எந்த அளவு டயரில் போடலாம் என்று அதில் இருக்கும். பெரிய அலாய் வீலும் அகல டயரும் மாற்றியிருந்தால் உள்பக்கம் சஸ்பென்ஷனில் செயின் உரசும், பிரேக் ஹோஸையே அறுத்துவிடலாம். இடம் குறைவான வண்டிக்கென்று 9 மி.மீ. தடிமனுள்ள மெல்லிய செயின் வருகிறது. டயரில் எழுதியிருக்கிற அளவை, 185/65 ஆர்15 என்பது போல, அப்படியே சொல்லி வாங்குங்கள். எல்லா வண்டிக்கும் பொருந்தும் என்று நைலான் பட்டை விற்கிறார்கள். சேற்றிலிருந்து ஒரு தடவை வெளியேற உதவும், மலை இறக்கத்துக்கு அதை நம்பாதீர்கள்.

செயின் போடுவது இழுக்கிற சக்கரத்தில். நம் குடும்பக் கார்களில் பெரும்பாலும் முன் சக்கரம். நாலு சக்கரமும் இழுக்கிற ஃபோர்வீல் வண்டி என்றால் புத்தகம் சொல்கிறபடி.

மாட்டுகிற விதத்தை வீட்டு வாசலிலேயே இரண்டு தடவை பழகிக்கொண்டு போங்கள். திராஸில் எங்கள் சுபேதார் கண்ணைக் கட்டிவிட்டு மாட்டச் சொல்வார். அப்போது கோபம் வந்தது, இருட்டில் பனிக்காற்றில் மாட்டும்போதுதான் புரிந்தது. செயினை முறுக்கு எடுத்து விரித்து, டயருக்குப் பின்னால் நுழைத்து, உள்பக்கக் கொக்கியை முதலில் மாட்ட வேண்டும். பிறகு வெளிப்பக்கம், பிறகு இறுக்கும் சங்கிலி. ஐம்பது, நூறு மீட்டர் மெதுவாக ஓட்டி நிறுத்தி மறுபடி இறுக்கவும். இந்த இரண்டாவது இறுக்கத்தைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். தளர்ந்த கண்ணி சுழலும்போது சாட்டை மாதிரி மட்கார்டைக் கிழிக்கும். ரப்பர் கையுறை, முழங்காலுக்கு ஒரு பழைய சாக்கு, தலையில் மாட்டுகிற டார்ச் மூன்றும் செயினோடு ஒரே பையில் இருக்கட்டும்.

வேகம் 50-ஐத் தாண்டக் கூடாது, நான் 30 என்பேன். வெறும் தார் தெரிந்ததும் கழற்றிவிடுங்கள். தாரில் செயினோடு ஓடினால் செயினும் போகும், டயரும் போகும், பிரேக்கும் சரியாகப் பிடிக்காது.

ஒன்றை மறக்காதீர்கள். முன்னால் மட்டும் செயின் போட்டால் ஏற்றம் ஏறும், ஸ்டியரிங் கேட்கும். பின் சக்கரம் வெறுமையாகத்தான் இருக்கிறது. இறக்கத்தில் பிரேக்கை அழுத்தினால் பின்பக்கம் முன்னால் வரப் பார்க்கும். முதல் கியரில் இறங்குங்கள். மணாலியைத் தாண்டி இருக்கிற 9 கிலோமீட்டர் அடல் சுரங்கத்துக்கு உள்ளே தரை காய்ந்திருக்கும், அந்த நினைப்பிலேயே மறுமுனையில் சிஸ்ஸு ஊர்ப் பக்கம் வெளியே வரும் வேகம்தான் ஆபத்து. கண்ணாடி மாதிரி உறைந்த ரோட்டில் செயினும் ஓரளவுக்குத்தான். போலீஸ் நிறுத்தி, ஃபோர்வீலோ செயினோ இருந்தால்தான் விடுவேன் என்றால் வாதாட வேண்டாம். உள்ளூர் வண்டியையும் ஓட்டுநரையும் பிடித்துக்கொள்ளுங்கள். நானாக இருந்தால் குழந்தைகளை வைத்துக்கொண்டு அதைத்தான் செய்வேன்.

மேலப்பாளையத்திலிருந்து: குளிர்கால டயரில் வெட்டுகள் அதிகம் என்கிறீர்களே, ஐப்பசி மழைக்கு அதையே போட்டால் என்ன?

வேண்டாம். இங்கே ஐப்பசி மழையிலும் ரோடு 25 டிகிரி. அந்த இளகின ரப்பர் நம் வெயிலில் அழிரப்பர் மாதிரி தேயும், பிரேக் தூரமும் கூடும். நமக்கு நல்ல கோடை டயரே மழை டயர், பட்டன் ஆழம் இருந்தால். 3 மி.மீ. வந்ததும் மாற்றுங்கள். பள்ளத்துக்குள் 1.6 மி.மீ. உயரத்தில் தேய்மானத்தைக் காட்டுகிற மேடு வரை காத்திருக்க வேண்டாம்.

வள்ளியூரிலிருந்து: எந்தக் கம்பெனி டயர் நல்லது அண்ணாச்சி?

அளவும், பாரக் குறியீடும், தயாரித்த வாரமும் சரியாக இருந்தால் தெரிந்த கம்பெனி எதுவும் நல்லதுதான். 88எச் என்று இருந்தால் ஒரு டயர் 560 கிலோ தாங்கும், 210 வேகம் வரை தாங்கும். 88 இருக்கிற இடத்தில் 82 போட்டுவிடாதீர்கள்.

சேரன்மகாதேவியிலிருந்து: நைட்ரஜன் அடிக்கலாமா?

சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். காசு கொடுக்காமல் மாதம் இரண்டு தடவை காற்றுப் பாருங்கள், டயர் சூடாவதற்கு முன்னால்.

களக்காட்டிலிருந்து: இரண்டு டயர்தான் இப்போது வாங்க முடியும். முன்னால் போடுவதா, பின்னால் போடுவதா?

பின்னால்.

அம்பாசமுத்திரத்திலிருந்து ஓய்வுபெற்ற ஓட்டுநர் ஒருவர்: இது தப்பு. நான் 30 வருஷம் பஸ் ஓட்டியவன். நல்ல டயர் முன்னால்தான். முன் டயர் வெடித்தால் ஸ்டியரிங் கையில் நிற்காது.

அண்ணாச்சி, பஸ்ஸுக்கு நீங்கள் சொல்வது சரி. பின்னால் ஒரு பக்கத்துக்கு இரண்டு டயர், ஒன்று போனாலும் ஒன்று தாங்கும். அதனால்தான் ரீட்ரெட் டயரை, அதாவது பழைய டயரில் புது ரப்பர் ஒட்டியதை, பின்னால் போட்டு, புதியதை முன்னால் போடுகிறார்கள். காரில் பின்னால் ஒரு பக்கத்துக்கு ஒன்றே ஒன்றுதான், பின்பாரமும் குறைவு. மழைத் தண்ணீரில் முன் டயர் மிதந்தால் வண்டி நேராகப் போகும். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் வேகம் குறைந்து பிடிப்பு திரும்பி வரும், சாதாரண ஆள் சமாளித்துவிடலாம். பின் டயர் மிதந்தால் வண்டி பம்பரமாகச் சுற்றும், அதைத் திருத்த நேரமே கிடைக்காது.

மறுபடியும் அவரே: காரில் தேய்வது முன் டயர்தானே? தேய்கிற இடத்தில்தானே புதியது போட வேண்டும்?

தேய்வது முன் டயர்தான், ஒத்துக்கொள்கிறேன். அதனால் பின்னால் இருக்கிற பாதி தேய்ந்த ஜோடியை முன்னால் கொண்டுவந்து, புதியதைப் பின்னால் போட வேண்டும். முன்னால் வருகிற ஜோடி வெடிக்கிற நிலையில் இருந்தால் அது எந்த இடத்துக்கும் ஆகாது, நாலையும் மாற்ற வேண்டியதுதான்.

இதை நான் புத்தகத்தில் மட்டும் படித்துச் சொல்லவில்லை. கடை போட்ட புதிதில் நானும் முன்னால்தான் போட்டேன். ஒரு கார்த்திகை மாதம் என் மச்சான் வண்டிக்கு இரண்டு புது டயர் முன்னால் மாட்டி அனுப்பினேன். நாங்குநேரி தாண்டி நாற்கரச் சாலை வளைவில் ஒரு விரற்கடைத் தண்ணீர் தேங்கி நின்றிருக்கிறது. முன் சக்கரம் தண்ணீரை வெட்டிக்கொண்டு போய்விட்டது, பின் சக்கரம் போகவில்லை. வண்டி முழுக்கச் சுற்றி, வந்த திசையைப் பார்த்து நின்றது. பின்னால் லாரி எதுவும் வராததால் தப்பினார்கள். என் தங்கை பின் சீட்டில் ஏழு மாதக் கர்ப்பமாக இருந்தாள். அன்று ராத்திரி அந்த வண்டியின் பின் டயரில் விரலை வைத்துப் பார்த்தேன். நடுப் பள்ளம் நகத்தின் நுனி அளவுகூட இல்லை. முன் டயரில் புது ரப்பர் முடி அப்படியே நீட்டிக்கொண்டிருந்தது. அதற்கப்புறம் நான் யாருக்கும் முன்னால் போட்டுக் கொடுத்ததில்லை.

நாகர்கோவிலிலிருந்து: ஆரல்வாய்மொழிக் காற்றுக்கும் இதுதானா? நான் ஓட்டுநர் அண்ணாச்சி பக்கம்.

பக்கவாட்டுக் காற்றில் முதலில் ஆடுவதும் பின்பக்கம்தான் தம்பி. நீங்கள் ஓட்டுநர் அண்ணாச்சி பக்கமே இருங்கள், புது டயரை மட்டும் பின்னால் போடுங்கள்.

அம்பாசமுத்திரம் அண்ணாச்சி: சரி, பின்னால் போட்டு ஒரு மழைக்காலம் ஓட்டிப் பார்க்கிறேன்.

நல்லது அண்ணாச்சி. கடைக்கு வாருங்கள், மாற்றுக்கூலி வேண்டாம்.

திசையன்விளையிலிருந்து: எந்தக் கம்பெனி நல்லது?

வள்ளியூர்க்காரருக்குச் சொன்னதைப் பாருங்கள். கம்பெனியைக் கேட்கிறவர்கள் எல்லோரும் தயவுசெய்து முதலில் அந்த நாலு இலக்கத்தைப் பாருங்கள்.

மணிமுத்தாற்றிலிருந்து: மாஞ்சோலைக்கு ஹேட்ச்பேக்கில் போக எந்த டயர்?

டயர் பிரச்சினையே இல்லை. வனத்துறை அனுமதி வாங்குங்கள், கல் ரோட்டில் அடித்தட்டு இடிபடும், அதற்கு வழி பாருங்கள்.

மூன்றடைப்பிலிருந்து: அண்ணன் துபாயில். கார் ஓலைக் கொட்டகையில் நிற்கிறது, மாதம் ஒரு தடவைதான் எடுப்போம். டயர் புதுசு போலவே இருக்கிறது, மாற்ற வேண்டுமா?

பட்டன் இருந்தால் புதுசு என்று அர்த்தம் இல்லை. போன மாதம் இதேபோல் ஒரு வண்டி வந்தது. பட்டன் ஆறு மி.மீ. இருந்தது. பக்கவாட்டில் சோப்புத் தண்ணீர் ஊற்றித் துடைத்ததும் காய்ந்த குளத்துக் கரம்பை மாதிரி வெடிப்பு. இலக்கம் 1113. பத்து வருஷம் ஆன டயர் எப்படி இருந்தாலும் மாற்றுங்கள், ஐந்து வருஷம் ஆனதும் வருஷத்துக்கு ஒரு தடவை கழற்றிக் காட்டுங்கள். ஸ்டெப்னிக்கும் இதே கணக்குதான்.

கடையத்திலிருந்து: தம்பி கனடா போகிறான், அங்கேயும் கட்டாயமா?

கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை கட்டாயம். ஒன்டாரியோவில் கட்டாயம் இல்லை, போட்டால் இன்ஷூரன்ஸில் தள்ளுபடி உண்டு. சட்டம் சொல்லாவிட்டாலும் போடச் சொல்லுங்கள், நாலு சக்கரத்துக்கும்.

முதலில் கேட்ட பாளையங்கோட்டை அம்மா: மகள் பார்த்துச் சொல்லிவிட்டாள். முன்னால் இரண்டிலும் மலைக்குறி இருக்கிறதாம், 4022. பின்னால் இரண்டிலும் மலைக்குறி இல்லை, 1716. முன்னால் நன்றாக இருப்பதால் இந்தக் குளிருக்கு ஓட்டிக்கொள்ளலாமா?

கூடாது அம்மா. விற்றவர் இழுக்கிற சக்கரத்துக்கு மட்டும் குளிர்கால டயர் போட்டு வைத்திருக்கிறார். நாங்குநேரியில் நடந்ததே அங்கே பனியில் நடக்கும், இன்னும் சுலபமாக. சட்டப்படியும் நாலிலும் மலைக்குறி வேண்டும். பின்னால் இருப்பது கோடை டயர், வயசும் ஆகிவிட்டது. முன்னால் இருக்கிற அதே அளவு, முடிந்தால் அதே பட்டன் மாடலில், இரண்டு புதிய குளிர்கால டயர் வாங்கிப் பின்னால் போடச் சொல்லுங்கள். அக்டோபரில் டயர் கடைகளில் இடம் கிடைக்காது, இப்போதே முன்பதிவு செய்துகொள்ளட்டும். மாட்டி முடிகிற வரைக்கும் பனி விழுந்த நாளில் வண்டியைத் தொட வேண்டாம், பஸ்ஸில் போய்வரட்டும். மாட்டினதும் பின் டயரைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், நான் பார்த்துவிடுகிறேன்.