ராணுவ வண்டிப் பட்டறை: வாசகர் கேள்வி – பதில்

ராணுவ லாரி, ஜீப் பழுதுபார்க்கும் வேலை குறித்து வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

என் மகன் ஐ.டி.ஐ.யில் இரண்டு வருஷம் மோட்டார் மெக்கானிக் படித்து முடித்திருக்கிறான். பட்டாளத்தில் வண்டி மெக்கானிக்காகச் சேர என்ன வழி?
– ஒரு தாய், காட்பாடி

ராணுவத்தின் லாரி, டாங்கி, பீரங்கி, ரேடார் எல்லாவற்றையும் பழுதுபார்ப்பது இ.எம்.இ. எனப்படும் மின்னணு, இயந்திரப் பொறியியல் படைப்பிரிவு. 1943-ல் உருவானது. சக்கர வண்டிகளுக்கும் டாங்கி போன்ற சங்கிலி வண்டிகளுக்கும் மெக்கானிக்குகள் தனித்தனி.

உங்கள் மகன் விண்ணப்பிக்க வேண்டியது நான்கு ஆண்டுப் பணியான 'அக்னிவீர்' திட்டத்தின் 'அக்னிவீர் டெக்னிக்கல்' பிரிவில். பத்தாம் வகுப்பில் மொத்தம் 50 சதவீதம், ஆங்கிலம், கணிதம், அறிவியல் ஒவ்வொன்றிலும் 40 சதவீதம், கூடவே ஐ.டி.ஐ. சான்றிதழ் வேண்டும். வயது பதினேழரை நிரம்பியிருக்க வேண்டும். மேல் வரம்பை அந்தந்த ஆண்டு அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். முதலில் கணினியில் எழுத்துத் தேர்வு, அதில் தேறியவர்களுக்குத்தான் ஓட்டமும் உடல் அளவும். 1.6 கிலோமீட்டரை ஐந்தரை நிமிடத்துக்குள் ஓடினால் முழு மதிப்பெண். பத்து முறை புல்-அப்ஸ் எடுத்தால் அதிலும் முழு மதிப்பெண்.

ஒன்றை இப்போதே அவனிடம் சொல்லிவையுங்கள். டெக்னிக்கல் பிரிவில் தேறியவர்கள் எல்லோரும் இ.எம்.இ.க்குப் போவதில்லை. எந்தப் படைப்பிரிவு, எந்தத் தொழில் என்பதை ராணுவம்தான் முடிவு செய்யும். இ.எம்.இ. கிடைத்தால் செகந்திராபாத் அல்லது போபால் மையத்தில் பயிற்சி. அங்கேயும் துப்பாக்கிதான் முதலில், ஸ்பேனர் அப்புறம். நான்கு ஆண்டு முடிவில் நிரந்தரமாக எடுத்துக்கொள்வது 25 சதவீதம் பேர் வரைதான்.

இன்னொரு வாசலும் இருக்கிறது, பலருக்குத் தெரியாது. ராணுவப் பட்டறைகளில் சீருடை அணியாத சிவிலியன் ஊழியர்களும் உண்டு. இ.எம்.இ. தலைமை இயக்குநரகம் வெளியிடும் குரூப் சி அறிவிப்புகளில் 'வெஹிக்கிள் மெக்கானிக்' என்றே பதவி வரும். நமக்குப் பக்கத்தில் என்றால் பெங்களூரில் 515 ராணுவ பேஸ் ஒர்க்‌ஷாப் இருக்கிறது. ஓட்டத்தில் சறுக்குகிற பிள்ளைகள் இதைக் கவனிக்கலாம்.

முப்பது வருடமாக லாரி எஞ்சின் வேலை பார்க்கிறேன். ராணுவ மெக்கானிக் எங்களைவிட அப்படி என்ன வித்தியாசமாகச் செய்கிறார்?
– பட்டறைக்காரர் ஒருவர், நாமக்கல்

கை வேலையில் பெரிய வித்தியாசம் இல்லை. வண்டி கெட்டுப்போகிற விதம்தான் வேறு. உங்களிடம் வரும் லாரி மாதம் பத்தாயிரம் கிலோமீட்டர் ஓடித் தேய்ந்து வருகிறது. ராணுவ லாரியோ வாரக்கணக்கில் நின்றுவிட்டு, திடீரென ஒருநாள் முழுச் சுமையோடு மலை ஏற வேண்டியிருக்கும். அதனால் பிஸ்டன் ரிங் தேய்வதற்கு முன்பே ரப்பர் ஹோஸ் வெடிக்கும், ஆயில் சீல் காய்ந்து கசியும், பேட்டரி படுக்கும், டீசல் டேங்கில் தண்ணீர் சேரும். ஓடாத வண்டியை ஓடத் தயாராக வைத்திருப்பதுதான் அங்கே பாதி வேலை.

மறுபாதி, எதை எங்கே சரிசெய்வது என்ற கணக்கு. நீங்கள் ஒரே பட்டறையில் கியர் பாக்ஸை இறக்கி, பிரித்து, பல் மாற்றி ஏற்றிவிடுவீர்கள். அங்கே படை அணியோடு இருக்கும் சிறு பழுதுக்குழு பெல்ட், ஹோஸ், ஃபில்டர், செல்ஃப் மோட்டார், பிரேக் என்று சில மணி நேரத்தில் முடிகிற வேலைகளைத்தான் தொடும். கியர் பாக்ஸ் போய்விட்டால் அதை முழுதாக இறக்கிவிட்டு வேறொன்றை மாட்டுவது களப் பட்டறையின் வேலை. எஞ்சினையே பிரித்து கிராங்க் வரை பார்ப்பது பின்னால் இருக்கும் பெரிய பட்டறையான பேஸ் ஒர்க்‌ஷாப்பில். கெட்டதைச் சரிசெய்வதைவிட வண்டியைச் சீக்கிரம் அனுப்புவதுதான் முன்னால் இருப்பவருக்கு முக்கியம்.

ஓட முடியாமல் நிற்கும் வண்டிக்கு 'வி.ஓ.ஆர்.' என்று பெயர். அந்தப் பட்டியல் நீண்டால் மேலிடத்திலிருந்து கேள்வி வரும். அப்போது, நிற்கிற வண்டியில் ஒரு பாகத்தைக் கழற்றி இன்னொன்றில் மாட்டலாமே என்ற சபலம் எந்தப் பட்டறைக்காரனுக்கும் வருவதுதான். அனுமதி இல்லாமல் அதைச் செய்யக் கூடாது. ஒரு டைனமோவில் தொடங்கினால் ஆறு மாதத்தில் அந்த வண்டியில் சேசிஸ்தான் மிஞ்சும்.

லடாக்கின் லே பகுதியில் ராணுவ டிரைவராக இருக்கும் என் தம்பி, காலையில் வண்டியை ஸ்டார்ட் செய்யவே ஒரு மணி நேரம் ஆகிறது என்கிறான். புது வண்டிதானே, ஏன் அப்படி?
– கம்மவான்பேட்டை வாசகர்

புதுசு, பழசு பேச்சே இல்லை. குளிரும் உயரமும் சேர்ந்து நான்கு இடத்தில் அடிக்கின்றன.

முதல் அடி பேட்டரிக்கு. மைனஸ் 18 டிகிரியில் அதன் திறன் ஏறக்குறைய பாதியாகிவிடும். அதே நேரத்தில் எஞ்சின் ஆயில் கெட்டிப்பட்டு, செல்ஃப் மோட்டாருக்கு இழுவை கூடும். முழு சார்ஜில் ஆசிட்டின் கிராவிட்டி (தண்ணீரோடு ஒப்பிட்ட அடர்த்தி) 1.28 இருந்தால் அங்குள்ள எந்தக் குளிரிலும் உறையாது. சார்ஜ் இறங்கி 1.12-க்கு வந்துவிட்டால் மைனஸ் 10-லேயே உறைந்து பெட்டி வெடிக்கும். அதனால்தான் ராத்திரி பேட்டரியைக் கழற்றி பங்கருக்குள் கொண்டுபோய் வைக்கிறார்கள். ராணுவ லாரிகளில் இரண்டு 12 வோல்ட் பேட்டரி தொடராகச் சேர்ந்து 24 வோல்ட். பாட்டுப் பெட்டிக்கும் போன் சார்ஜருக்கும் ஒரே பேட்டரியிலிருந்து 12 வோல்ட் இழுத்துவிடுகிற பழக்கம் எல்லா ஊரிலும் உண்டு. அப்படிச் செய்தால் ஒன்று எப்போதும் பட்டினி கிடக்கும், இன்னொன்று கொதிக்கும், கடைசியில் இரண்டும் போகும். மாற்றும்போதும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். ஒன்று மட்டும் புதிதாகப் போட்டால் பழையது அதையும் கூடவே இழுத்துக்கொண்டு போகும்.

இரண்டாவது டீசல். குளிரில் அதிலுள்ள மெழுகு திரண்டு ஃபில்டரை அடைக்கும். வண்டி ஸ்டார்ட் ஆகி, ஐந்து நிமிடம் ஓடி, பிறகு நின்றால் முதல் சந்தேகம் இதன்மேல்தான். மைனஸ் 33 டிகிரி வரை ஓடும் தன்மையுள்ள குளிர்கால டீசலை இந்தியன் ஆயில் 2019 நவம்பரில் லடாக்குக்கென்று கொண்டுவந்தது. அதற்கு முன் மண்ணெண்ணெய் கலந்து ஓட்டுவார்கள். மெழுகுப் பிரச்சினை குறையும். ஆனால் டீசலின் வழுவழுப்பு போய் பம்ப் தேயும். ராத்திரி டேங்கை முழுதாக நிரப்பி வைப்பதும் முக்கியம். காலி இடம் இருந்தால் காற்றிலுள்ள ஈரம் வேர்த்து டீசலில் இறங்கி, தண்ணீர் பிரிப்பானில் ஐஸ் கட்டும்.

மூன்றாவது காற்று பிரேக். ஏர் டேங்கில் சேரும் தண்ணீரை ஒவ்வொரு மாலையும் வடிக்காவிட்டால் காலையில் வால்வு உறைந்துவிடும். ஈரமான பிரேக்கோடு நிறுத்தினால் லைனிங் டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். ஆகவே முதலில் பிரேக்கை மெல்ல மிதித்து ஓட்டிக் காயவைத்து, சமதளத்தில் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை கொடுத்து, பார்க்கிங் பிரேக்கை விட்டுவிட்டு நிறுத்துவார்கள்.

நான்காவது கூலன்ட், அதாவது எஞ்சின் சூட்டைத் தணிக்க ரேடியேட்டரில் ஊற்றும் திரவம். உறைவதைத் தடுக்கும் கிளைக்காலும் தண்ணீரும் பாதிக்குப் பாதி என்றால் மைனஸ் 37 வரை உறையாது. 'இன்னும் கொஞ்சம் ஊற்றினால் இன்னும் நல்லது' என்று வெறும் கிளைக்காலையே ஊற்றியவர்கள் உண்டு. அது தனியாக இருந்தால் மைனஸ் 13-லேயே உறைந்துவிடும்! ரேடியேட்டர் மூடியையும் யாரும் கவனிப்பதில்லை. கர்துங் லா கணவாய் போன்ற 5,300 மீட்டர் உயரத்தில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 82, 83 டிகிரியிலேயே கொதிக்கும். ரேடியேட்டருக்குக் கூலன்டைத் திறந்துவிடும் தெர்மோஸ்டாட் திறப்பதே ஏறக்குறைய அந்தச் சூட்டில்தான். மூடியின் ஸ்பிரிங் அழுத்தம் பிடித்தால்தான் கொதிநிலை 100-ஐத் தாண்டும். ரப்பர் வெடித்த மூடியோடு கணவாய் ஏறினால், வெளியே மைனஸ் 15 இருந்தாலும் எஞ்சின் கொதித்துவிடும்.

இத்தனையும் சரியாக இருந்தாலும் காலையில் நேரம் எடுக்கத்தான் செய்யும். கிளட்சை முழுதாக மிதித்தபடி செல்ஃப் அடிக்க வேண்டும். கியர் பாக்ஸிலுள்ள கெட்டி ஆயிலையும் சேர்த்துச் சுற்றுகிற சுமை குறையும். ஒரு தடவைக்குப் பதினைந்து விநாடிக்கு மேல் அடிக்காமல், நடுவில் இரண்டு நிமிடம் விட வேண்டும். ஹீட்டர் பிளக் உள்ள எஞ்சினில் ஈதர் ஸ்பிரே அடிக்கவே கூடாது. உள்ளேயே வெடித்துப் பிஸ்டனை உடைக்கும். ஸ்டார்ட் ஆனதும் ரேஸ் கொடுப்பது அடுத்த தப்பு, ஆயில் இன்னும் டர்போவுக்குப் போய்ச் சேர்ந்திருக்காது. பிரேக்குக்கான காற்றழுத்தம் ஏறும்வரை எஞ்சினை மெதுவாக ஓடவிட வேண்டும். தம்பி சொன்ன ஒரு மணி நேரம் இதிலேயே கரைந்துவிடும்.

ஏலத்தில் விட்ட ராணுவ ஜிப்ஸி வாங்கினேன். அறுபது கிலோமீட்டர் வேகத்தில் பள்ளத்தில் இறங்கினால் ஸ்டீயரிங் பேய் பிடித்த மாதிரி ஆடுகிறது. ஃபோர் வீல் போட்டால் லீவரைத் திரும்ப எடுக்க வரவில்லை.
– கோவை வாசகர்

இரண்டும் தனித்தனி விஷயங்கள். லீவர் சிக்குவது கோளாறே அல்ல. ஜிப்ஸியின் முன், பின் ஆக்ஸிலுக்கு நடுவே, சுற்று வேக வித்தியாசத்தைச் சமாளிக்கும் டிஃபரன்ஷியல் கிடையாது. தார் ரோட்டில் ஃபோர் வீலில் திரும்பினால் முன்சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும். ரோடு வழுக்காததால் அந்த வித்தியாசம் முறுக்காகக் கியரில் தங்கிவிடும். நேராக நான்கு மீட்டர் ரிவர்ஸ் எடுங்கள், லீவர் தானே விடும். மணல், சேறு தவிர வேறெங்கும் போடாதீர்கள். நேர் ரோட்டிலும் சிக்கினால் நான்கு டயரும் ஒரே அளவா, தேய்மானம் ஒன்றுபோல இருக்கிறதா என்று பாருங்கள்.

ஆட்டத்துக்கு முதலில் வீல் பேலன்ஸ். அது சரியென்றால் முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டுங்கள். நின்றுவிட்டால் வீல் பேரிங் லூஸ். நிற்காவிட்டால், முன்சக்கரம் இடவலம் திரும்பும் அச்சான கிங்பின்னின் பேரிங். இந்த வண்டியில் பெரும்பாலும் குற்றவாளி கிங்பின்தான். பேரிங் நன்றாக இருந்தால் மூடிக்கு அடியிலுள்ள ஷிம் என்ற மெல்லிய தகடுகளைக் குறைத்து இறுக்கலாம். குழி விழுந்திருந்தால் மாற்றத்தான் வேண்டும். இடவலமாக ஆடினால் டை ராட் முனை. ஸ்டீயரிங் டேம்பரைப் புதிதாகப் போட்டு அனுப்பும் மெக்கானிக்கிடம் கொஞ்சம் உஷாராக இருங்கள், அது ஆட்டத்தை மறைக்கும், தீர்க்காது. அப்படியே சக்கரத்துக்குப் பின்னால் உள்ள உருண்டையில் ஆயில் வழிகிறதா என்றும் பாருங்கள். வழிந்தால் உள் சீல் போய், கிரவுன் (ஆக்ஸில் நடுவிலுள்ள டிஃபரன்ஷியல்) ஆயில் கிரீஸோடு கலந்து கஞ்சியாகியிருக்கிறது என்று அர்த்தம்.

ராணுவ வண்டி நம்பர் பலகையில் அம்புக்குறி எதற்கு?
– எட்டாம் வகுப்பு மாணவி, தேனி

ஆங்கிலேயர் காலத்தில் அரசுச் சொத்துக்கு இட்ட அடையாளம் அப்படியே தொடர்கிறது. அம்புக்கு அடுத்த இரண்டு எண்கள் ஆண்டைக் குறிக்கும். ராணுவ வண்டிகள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதிவாவதில்லை.

வெள்ளத்தில் லாரியை இறக்கி ஓட்டுகிறார்களே, பிறகு அதற்கு என்ன வைத்தியம்?
– கடலூர் வாசகர்

எஞ்சினுக்குள் தண்ணீர் போவதற்குத்தான் எல்லோரும் பயப்படுவார்கள். அமைதியாகக் கெடுவது கிரவுன், அதாவது டிஃபரன்ஷியல். வெகுதூரம் ஓடிச் சூடான டிஃபரன்ஷியலைக் குளிர்ந்த தண்ணீரில் இறக்கினால் உள்ளே உள்ள காற்று சட்டென்று சுருங்கும். மேலே உள்ள ப்ரீதர் என்ற காற்றுத் துளை மண்ணடைத்துக் கிடந்தால், ஆயில் சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். ஆகவே இறங்குவதற்கு முன் பத்து நிமிடம் நிறுத்திச் சூடு ஆறவிட வேண்டும். ப்ரீதரில் ஹோஸ் மாட்டி உயரத்துக்குக் கொண்டுபோயிருந்தால் இன்னும் நல்லது.

கரையேறியதும் பிரேக்கை மெல்ல மிதித்தபடி ஓட்டிக் காயவையுங்கள். எஞ்சின், கியர் பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ், இரண்டு கிரவுன் எல்லாவற்றிலும் ஆயிலைப் பாருங்கள். பால் கலந்த காபி நிறம் தெரிந்தால் முழுதாக மாற்றியாக வேண்டும். வீல் பேரிங்கைக் கழுவிப் புது கிரீஸ் வைக்க வேண்டும். ஹப் வெளியே பளிச்சென்று இருந்தாலும் உள்ளே துரு தொடங்கியிருக்கும். நீரில் எஞ்சின் நின்றுபோயிருந்தால் செல்ஃப் அடிக்காதீர்கள். சிலிண்டரில் தண்ணீர் இருந்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். இன்ஜெக்டர்களைக் கழற்றிவிட்டுக் கையால் சுற்றித் தண்ணீரை வெளியேற்றுங்கள்.

வண்டியை ஒரு ராத்திரி அசையாமல் நிறுத்தி, காலையில் கிரவுனின் கீழ் பிளக்கைக் கால் சுற்று மட்டும் தளர்த்துங்கள். ஆயிலுக்கு முன்னால் தண்ணீர் சொட்டினால், முந்தின நாள் மாற்றிய ஆயிலையும் மறுபடி மாற்ற வேண்டியதுதான்.