நேரம் குறித்த வேலைகளும் எக்செல் அறிக்கையும்: கேள்வி பதில்

விண்டோஸ் சர்வர்களில், குறித்த நேரத்தில் நிரல்களைத் தானாக இயக்கும் டாஸ்க் ஷெட்யூலர் ஓட்டும் வேலைகளின் நிலவரத்தைத் தினமும் எக்செல் கோப்பாக எடுத்துத் தரும் பவர்ஷெல் (விண்டோஸின் கட்டளை மொழி) ஸ்கிரிப்ட் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். லினக்ஸ், மேக்ரோ இரண்டும் என் பேட்டை அல்ல.

கேள்வி: சார், ஐந்து சர்வர்கள். தினமும் காலையில் ஒவ்வொன்றிலும் நுழைந்து பார்த்து, கையால் எக்செலில் ஏற்றுகிறேன். எங்கிருந்து தொடங்குவது?

கெட்-ஷெட்யூல்டுடாஸ்க் என்ற கட்டளை வேலையின் பெயர், கோப்புறை, நிலை போன்றவற்றைத் தரும். கடைசியாக ஓடிய நேரம், முடிவு எண், அடுத்து ஓடும் நேரம் ஆகியவை கெட்-ஷெட்யூல்டுடாஸ்க்இன்ஃபோவில் இருக்கின்றன. முதலாவதன் விளைவை இரண்டாவதற்குள் செலுத்துங்கள். மைக்ரோசாஃப்ட் என்ற கோப்புறையில் உள்ளவற்றை முதலிலேயே வடிகட்டிவிடுங்கள். இல்லையென்றால் விண்டோஸின் சொந்த வேலைகளுக்கு நடுவே உங்களுடைய பத்து வேலைகளைத் தேட வேண்டியிருக்கும். கிடைத்ததை இம்போர்ட்எக்செல் என்ற பவர்ஷெல் மாட்யூலை (துணைத் தொகுப்பு) கொண்டு கோப்பாக எழுதுங்கள். அதற்கு அந்தக் கணினியில் எக்செல் இருக்க வேண்டிய அவசியமே இல்லை.

தயவுசெய்து, சர்வரில் எக்செலை நிறுவி அதை ஸ்கிரிப்டால் இயக்காதீர்கள். ஆள் இல்லாத இடத்தில் ஆஃபீஸை இப்படி ஓட்டுவதை மைக்ரோசாஃப்டே பரிந்துரைப்பதில்லை. 'சேமிக்கவா?' என்று ஒரு பெட்டி எழும். பதில் சொல்ல அங்கே யாரும் இல்லை. அது காத்துக்கொண்டே கிடக்கும். மறுநாள் இன்னொரு எக்செல் வந்து அதன் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளும்.

கேள்வி: முடிவு என்ற பத்தியில் 267011 என்று வருகிறது. கடைசியாக ஓடிய நாள் 1999 நவம்பர் 30. அப்போது இந்த சர்வரே கிடையாது!

அந்த வேலை இதுவரை ஒருமுறைகூட ஓடவில்லை என்று பொருள். 1999 என்பது வெற்றிடத்தை நிரப்பும் தேதி. அறிக்கையில் அதை 'ஓடவில்லை' என்று மாற்றிவிடுங்கள். இன்னும் சில எண்கள்: 267009 என்றால் இப்போது ஓடிக்கொண்டிருக்கிறது. 267014 என்றால் யாரோ நடுவில் நிறுத்தியிருக்கிறார்கள். 2147942402 என்றால் கோப்பு அகப்படவில்லை. 2147942667 என்றால் தொடக்கக் கோப்புறையின் பெயர் தவறு; பெரும்பாலும் அந்தக் கட்டத்தில் பாதையை மேற்கோள் குறிக்குள் போட்டிருப்பீர்கள். நிரலின் பாதைக்கு மேற்கோள் குறி போடலாம், தொடக்கக் கோப்புறைக்குக் கூடாது. இந்த எண்களுக்கு ஒரு சிறு அட்டவணை வைத்து, அறிக்கையில் சொற்களாகவே காட்டுங்கள்.

கேள்வி: கையால் ஓட்டினால் ஓடுகிறது. ஷெட்யூலரில் போட்டால் ஓடவில்லை. ஏன்?

நீங்கள் ஓட்டும்போது உங்கள் கணக்கு, உங்கள் நெட்வொர்க் டிரைவ்கள், உங்கள் கோப்புறை. ஷெட்யூலர் ஓட்டும்போது இவை எதுவும் இருக்க வேண்டும் என்பதில்லை. 'இசட்' டிரைவ் என்று எழுதியிருந்தால், சர்வர் பெயரோடு தொடங்கும் முழுப் பாதையாக மாற்றுங்கள். வேலை எந்தக் கணக்கின் பெயரில் ஓடுகிறதோ, அந்தக் கணக்குக்கு அங்கே எழுத அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். ஷெட்யூலரின் வரலாற்றுப் பதிவு பல கணினிகளில் அணைந்தே கிடக்கும். அதை இயக்கிவிட்டுப் பிறகு தேடுங்கள்.

கேள்வி: எல்லா வேலைகளுக்கும் முடிவு 0. ஆனால் பேக்கப் கோப்புறை காலி. இது எப்படி?

இதைத்தான் யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தேன். 0 என்றால் நிரல் புகார் சொல்லாமல் வெளியே போனது என்று மட்டுமே பொருள். பவர்ஷெல்லில் கோப்பை நகலெடுக்கும் கட்டளை இல்லாத இடத்துக்கு நகலெடுக்கப் பார்த்தால், சிவப்பில் நான்கு வரி திட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடும். ஸ்கிரிப்ட் கடைசி வரை ஓடி 0 என்று முடியும். ஷெட்யூலர் அந்தச் சிவப்பு வரிகளைப் பார்ப்பதே இல்லை.

ஸ்கிரிப்டின் முதல் வரியில் எரர்ஆக்ஷன்ப்ரிஃபரன்ஸ் மாறிக்கு 'ஸ்டாப்' என்று மதிப்புக் கொடுங்கள். தவறு நேர்ந்தால் அங்கேயே நிற்கும். ஷெட்யூலரில் 'ஃபைல்' என்ற தெரிவின் மூலம் ஸ்கிரிப்டை அழைத்தால் முடிவு 1 என்று வரும். அதோடு விடாதீர்கள். அறிக்கையில் இரண்டு பத்திகளைக் கூட்டுங்கள்: வேலை உருவாக்க வேண்டிய கோப்பு எப்போது எழுதப்பட்டது, அதன் அளவு என்ன. முடிவு 0, அளவும் 0 என்று ஒரு வரி வந்தால் அது சிவப்பு.

கேள்வி: என் ஸ்கிரிப்டும் கையால் ஓட்டினால்தான் ஓடுகிறது.

மேலே இருக்கிறது. முழுப் பாதை, கணக்கு, அனுமதி.

கேள்வி: உங்களோடு ஒத்துப்போக முடியவில்லை. இருநூறு வரி அறிக்கையை எந்த மேலாளர் திறந்து பார்க்கிறார்? தோற்றவற்றை மட்டும் மின்னஞ்சலில் அனுப்பினால் போதாதா? எக்செலே வீண் வேலை.

பாதி சரி. யாரும் திறந்து பார்ப்பதில்லை. ஆனால் தோல்வியை மட்டும் அனுப்பும் ஏற்பாட்டில், அஞ்சல் வராத நாளுக்கு இரண்டு பொருள் உண்டு: எல்லாம் நலம், அல்லது அறிக்கை ஸ்கிரிப்டே செத்துவிட்டது. ஸ்கிரிப்டை ஓட்டும் கணக்கின் கடவுச்சொல் காலாவதியானால் நடப்பது இரண்டாவது. 'இன்று அஞ்சல் இல்லை, நிம்மதி' என்று எல்லோரும் தேநீர் குடிக்கப் போவார்கள்.

அதே நண்பர்: அப்படியானால் தினமும் 'எல்லாம் நலம்' என்று ஒரு வரி அனுப்பலாமே? அதற்கு எதற்கு எக்செல்?

தினமும் வரும் 'எல்லாம் நலம்' இரண்டாம் வாரத்திலேயே தனிக் கோப்புறைக்குப் போகும் விதியாக மாறிவிடும். எண்ணிக்கை தலைப்பு வரியிலேயே இருக்கட்டும்: 'மொத்தம் 42, தோல்வி 1, ஓடாதவை 2'. மொத்தம் 42 என்பது திடீரென்று 40 ஆனால், யாரோ இரண்டு வேலைகளை நீக்கியிருக்கிறார்கள். தோல்விப் பட்டியல் இதை ஒருநாளும் சொல்லாது. இல்லாத வேலை தோற்பதில்லை. எக்செல் மேலாளருக்காக அல்ல. முதல் தாளில் தோல்விகள், இரண்டாவதில் முழுப் பட்டியல். ஆறு மாதம் கழித்துத் தணிக்கையாளர் 'மார்ச்சில் அந்தப் பேக்கப் ஓடியதா?' என்று கேட்கும்போது அன்றைய கோப்பை எடுத்துக் கொடுப்பீர்கள்.

இன்னொருவர் இடையில்: அறிக்கை ஸ்கிரிப்ட் செத்தால் யார் சொல்வது என்பதற்கு இன்னும் பதில் வரவில்லையே?

நல்ல பிடி. வேறொரு கணினியில் ஒரு சிறு வேலை. இன்றைய தேதியிட்ட அறிக்கைக் கோப்பு எட்டு மணிக்குள் வந்திருக்கிறதா என்று மட்டும் அது பார்க்கட்டும். 'அதை யார் கண்காணிப்பது?' என்று அடுத்து கேட்பீர்கள். அந்த இடத்தில் ஒரு மனிதரை நிறுத்துங்கள். காலை வேலைப் பட்டியலில் ஒரு வரி போதும்.

கேள்வி: சிஎஸ்வியாக (காற்புள்ளியால் பிரித்த எழுத்துக் கோப்பு) எழுதினேன். வேலைகளுக்குத் தமிழில் பெயர் வைத்திருக்கிறோம். எல்லாம் கேள்விக்குறிகளாக வருகின்றன.

பவர்ஷெல் 5.1, வேறு எதுவும் சொல்லாவிட்டால், சிஎஸ்வியை ஆங்கில எழுத்துகள் மட்டுமே கொள்ளும் ஆஸ்கியில் எழுதும். தமிழ் அங்கேயே அழிந்துவிட்டது, மீட்க முடியாது. என்கோடிங் யூடிஎஃப்-8 என்று குறிப்பிடுங்கள். பதிப்பு 7 என்றால் யூடிஎஃப்8பாம் என்று குறிப்பிட வேண்டும், இல்லையெனில் எக்செல் வேறு கோலத்தில் காட்டும். நேரடியாக எக்செல் கோப்பாகவே எழுதினால் இந்தத் தொல்லை இல்லை.

கேள்வி: பழைய எக்ஸ்எல்எஸ் வடிவம் போதாதா?

65,536 வரிகளோடு முடிந்துவிடும். 2020 செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை இங்கிலாந்தில் 15,841 கொரோனா தொற்றாளர்கள் கணக்கில் சேராமல் போனது இந்த வரம்பினால்தான். எக்ஸ்எல்எஸ்எக்ஸ் வடிவில் எழுதுங்கள்.

கேள்வி: கையால் ஓட்டினால் ஓடுகிறது, ஆனால்...

மூன்றாவது கேள்வி.

கேள்வி: மேக்ரோவில் பிவட் டேபிள் போடுவது எப்படி?

வேறு ஆளைக் கேளுங்கள்.

வாதாடிய நண்பர்: சரி, எக்செலே இருக்கட்டும். அறிக்கையை எத்தனை மணிக்கு ஓட்டுவது?

இரவு வேலைகளில் கடைசியாக முடிவது எதுவோ, அதற்கு அரைமணி கழித்து. அப்போதும் 267009 வந்தால் சிவப்பு பூசாதீர்கள், மஞ்சள் போதும். எப்போது தொடங்கியது என்ற நேரத்தையும் பக்கத்தில் காட்டுங்கள். ஷெட்யூலர் வழக்கமாக மூன்று நாள் வரை ஒரு வேலையை ஓடவிடும், முந்தாநாள் தொடங்கியதும் அதே மஞ்சளில்தான் நிற்கும்.