மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டக் கோயில் தீமிதியை இரவில் படம் எடுத்தால் ஆட்கள் கலங்கித் தெரிகிறார்கள். ஃபிளாஷ் போட்டால் தணலே தெரியவில்லை. 18-55 மில்லிமீட்டர் ஜூம் லென்ஸை வைத்து எப்படி எடுப்பது?

சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டக் கோயில் என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கே கிடைக்கும் ஸ்பாட்லைட் வெளிச்சமே போதும், இந்த லென்ஸும் போதும். கேமராவின் ஆட்டோ பயன்முறையை மட்டும் விட்டுவிடுங்கள்.

முதலில் ஃபிளாஷை அணையுங்கள். புகையும் பறக்கும் சாம்பலும் அந்த வெளிச்சத்தை லென்ஸுக்கே திருப்பி அனுப்பும். படமெங்கும் வெள்ளைப் புள்ளிகள் விழும். அதைவிட முக்கியமாக, அருள் வந்து தணலில் இறங்குபவர் கண்ணில் வெளிச்சம் அடிக்கவே கூடாது. ஃபோகஸுக்காகக் கேமரா தானாக எரியவிடும் சின்ன விளக்கையும் மெனுவில் நிறுத்திவிடுங்கள்.

ஆட்கள் கலங்குவதற்குக் காரணம் ஷட்டர் வேகம், அதாவது கேமரா ஒளியை உள்ளே விடும் நேரம். ஓடுகிறவர் வினாடிக்கு 3 மீட்டர் நகர்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1/30 வினாடியில் அவர் 10 சென்டிமீட்டர் நகர்ந்துவிடுவார், 1/500-இல் 6 மில்லிமீட்டர்தான். லென்ஸில் இருக்கும் அதிர்வுத் தடுப்பு உங்கள் கைநடுக்கத்தைத்தான் தாங்கும், அவர் ஓட்டத்தை அல்ல. எனவே எல்லாவற்றையும் நீங்களே அமைக்கும் எம் பயன்முறையில் ஷட்டர் 1/500, லென்ஸ் திறப்பு எஃப் 3.5 (எண் சிறிதானால் திறப்பு பெரிது), ஒளி உணர்திறன் ஐஎஸ்ஓ 6400 என்று தொடங்குங்கள். கரகம் சுமந்தவர் நிதானமாக நடந்து வந்தால் 1/250 போதும். ஐஎஸ்ஓவை 3200-க்கு இறக்கலாம். படத்தில் மணல்போலப் புள்ளிகள் தெரிந்தால் கவலை வேண்டாம். அதைப் பிறகு குறைக்கலாம். கலங்கிய முகத்தைத் திருத்த வழியே இல்லை.

எஃப் 3.5 கிடைப்பது 18 மில்லிமீட்டரில் மட்டும். 55-க்கு இழுத்தால் எஃப் 5.6 ஆகி, முன்பு வந்த ஒளியில் ஏறத்தாழ 40 விழுக்காடுதான் வரும். எனவே ஜூம் செய்யாமல் கிட்டே போய் நில்லுங்கள். செலவழிக்க மனமிருந்தால் 50 மில்லிமீட்டர் எஃப் 1.8 லென்ஸ் ஒன்று வாங்குங்கள். எஃப் 5.6-ஐவிட ஒன்பது மடங்குக்கு மேல் ஒளி தரும். புதுக் கேமராவைவிட இதுதான் நல்ல முதலீடு.

படத்தின் பாதி வெற்றி நிற்கும் இடத்தில் இருக்கிறது. குழியின் பக்கவாட்டில் நின்று தணலுக்கு மேலாக எடுத்தால் சூடான காற்று அலையும்; ஃபோகஸ் சரியாக இருந்தாலும் முகம் நீருக்கடியில் இருப்பதுபோல் நெளியும். எந்த செட்டிங்காலும் அதைச் சரிசெய்ய முடியாது. ஆகவே தணல் குழி முடிந்து, பக்தர்கள் கால் நனைக்கும் பால்குழி இருக்கும் பக்கம், ஓரமாக, காற்று உங்கள் முதுகிலிருந்து வீசும்படி நில்லுங்கள். ஆலய நிர்வாகத்தாரிடம் முன்கூட்டியே கேட்டு, தொண்டர்கள் கைகொடுத்துத் தாங்கும் வழியை விட்டு விலகியே நிற்க வேண்டும். பால்குழியின் விளிம்பில் நிற்கும் தொண்டர் ஒருவர்மேல் ஃபோகஸ் செய்து, மேனுவலுக்கு மாற்றிவிடுங்கள். புகையில் ஆட்டோ ஃபோகஸ் தடுமாறும். பக்தர் அந்த இடத்தை எட்டுவதற்குச் சற்று முன்பே தொடர் படப்பிடிப்பில் அழுத்தத் தொடங்குங்கள். குழியைக் கடந்த முகத்தில் வரும் உணர்ச்சி அங்கேதான் கிடைக்கும்.

அடுத்தது நிறம். தணலும் மஞ்சள் வேட்டியும் சிவப்புச் சேலையும் சேரும்போது சிவப்பு நிறம்தான் முதலில் அளவு மீறி விவரம் இழக்கும். படத்தின் ஒளி அளவைக் காட்டும் வரைபடமான பொதுவான ஹிஸ்டோகிராம் அதைக் காட்டாது. மூன்று நிறங்களையும் தனித்தனியே காட்டும் ஹிஸ்டோகிராமைத் திறந்து, சிவப்பு வலது ஓரத்தில் முட்டினால் ஐஎஸ்ஓவைக் குறையுங்கள். விளக்கின் நிறத்துக்கேற்பப் படத்தின் நிறத்தைச் சரிசெய்யும் வெள்ளைச் சமநிலையை ஆட்டோவில் விட்டால் படத்துக்குப் படம் நிறம் மாறும். அதை 3800 கெல்வின் என்று நிறுத்தி, பிறகு திருத்த வசதியான ரா கோப்பாக எடுங்கள்.

சில படங்களில் குறுக்கே இருண்ட பட்டை விழுந்தால் அது எல்இடி விளக்கின் வேலை. மலேசிய மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மலிவான விளக்குகள் வினாடிக்கு 100 முறை மினுங்கும். எலக்ட்ரானிக் ஷட்டரை விட்டு மெக்கானிக்கல் ஷட்டரையே பயன்படுத்துங்கள். மினுங்கலைச் சமாளிக்கும் ஃபிளிக்கர் தடுப்பு கேமராவில் இருந்தால் இயக்குங்கள். இல்லாவிட்டால், நின்று கும்பிடுபவர்களை 1/100-இல் எடுக்கலாம்.

வானத்தில் நீலம் வேண்டுமென்றால் தாமதிக்காதீர்கள். நம் ஊரில் சூரியன் மறைந்த இருபது நிமிடத்துக்குப் பிறகு வானம் வேகமாகக் கறுத்துவிடும். கோபுரத்தையும் கொடிகளையும் அதற்குள் எடுத்துவிடுங்கள்.

குளிர்சாதன அறையிலிருந்தோ காரிலிருந்தோ கேமராவை நேரே வெளியே எடுத்தால் லென்ஸ் வியர்க்கும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையில் கட்டி அரை மணி நேரம் வெளியே வைத்த பிறகு திறவுங்கள். குழி அருகே லென்ஸ் மாற்ற வேண்டாம், சாம்பல் சென்சாரில் ஒட்டும். வீட்டுக்கு வந்ததும் துணியால் தேய்க்காமல் ஊதுகுழலால் சாம்பலை ஊதுங்கள். தேய்த்தால் கண்ணாடியில் கீறல் விழும். பிறகு மூடி இறுகும் டப்பாவில் சிலிகா ஜெல் போட்டு வையுங்கள். உள்ளே ஈரப்பதம் 40 முதல் 50 விழுக்காடு இருந்தால் பூஞ்சை பிடிக்காது. அரிசி போட வேண்டாம், அதன் மாவுத் தூசி ஜூம் வளையத்துக்குள் போய்விடும்.