எட்டாவது இடமும் இருபது விக்கெட்டும்: வாசகர் கேள்வி – பதில்

ஆண்டர்சன் – டெண்டுல்கர் கோப்பைக்காக இந்தியாவும் இங்கிலாந்தும் 2025 ஜூன் 20 முதல் ஆகஸ்ட் 4 வரை ஆடிய ஐந்து டெஸ்ட்களின் தொடர் 2-2 என்று சமனில் முடிந்திருக்கிறது. லீட்ஸிலும் லார்ட்ஸிலும் இங்கிலாந்து வென்றது. எட்ஜ்பாஸ்டனிலும் ஓவலிலும் இந்தியா வென்றது. மான்செஸ்டர் ஆட்டம் டிராவில் முடிந்தது. அணித் தேர்வையும் வியூகத்தையும் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: சுழற்பந்து வீச்சாளர் குல்தீப் யாதவை இங்கிலாந்து வரை அழைத்துச் சென்றுவிட்டு ஐந்து டெஸ்ட்களில் ஒன்றில்கூட ஆட வைக்காதது என்ன நியாயம்? வாஷிங்டன் சுந்தர் நம் ஊர்க்காரர் என்றாலும், டெஸ்டை வெல்ல இருபது விக்கெட் வேண்டுமே? (திருச்சி வாசகர்)

பதில்: குல்தீப் ஆடியிருக்க வேண்டும் என்பதில் நானும் உங்கள் பக்கம்தான். ஆனால் அவருக்காக இடத்தை விட்டுக்கொடுத்திருக்க வேண்டியவர் வாஷிங்டன் அல்லர்.

இந்தத் தேர்வின் பின்னணி லீட்ஸில் தொடங்குகிறது. அந்த ஆட்டத்தில் இந்தியர்கள் ஐந்து சதம் அடித்தும் அணி தோற்றது. முதல் இன்னிங்ஸில் 3 விக்கெட்டுக்கு 430 என்றிருந்த அணி 471-க்குச் சுருண்டது. அதாவது கடைசி ஏழு விக்கெட்டுகள் 41 ரன்னில் போயின. இரண்டாவது இன்னிங்ஸில் கடைசி ஆறு விக்கெட்டுகள் 31 ரன்னில் போயின. இப்படிப்பட்ட பின்வரிசையைப் பார்த்த பயிற்சியாளர் கௌதம் கம்பீரும் கேப்டன் சுப்மன் கில்லும் எட்டாவது இடத்தில் மட்டை பிடிக்கத் தெரிந்தவர் வேண்டும் என்று நினைத்ததில் தவறு இல்லை. அந்த இடத்துக்கு வந்த வாஷிங்டன் எட்ஜ்பாஸ்டனில் 42 ரன் எடுத்து கில்லுடன் 144 ரன் சேர்த்தார். லார்ட்ஸின் இரண்டாவது இன்னிங்ஸில் 22 ரன் மட்டும் கொடுத்து நான்கு விக்கெட் எடுத்தார். மான்செஸ்டரில் ஆட்டமிழக்காமல் 101 ரன் எடுத்து டெஸ்டைக் காப்பாற்றினார். இத்தனையும் செய்தவரை எப்படி வெளியே உட்கார வைப்பது?

கேள்வி கேட்க வேண்டியது வேகப்பந்து ஆல்ரவுண்டர் ஷர்துல் தாக்குருக்குக் கொடுத்த இடத்தைப் பற்றித்தான். லீட்ஸின் முதல் இன்னிங்ஸில் அவர் வீசியவை ஆறு ஓவர்கள். மான்செஸ்டரில் இங்கிலாந்து 157 ஓவர்கள் ஆடி 669 ரன் குவித்தபோது அவருக்குக் கிடைத்தவை பதினொன்று. அங்கே அவர் எடுத்த 41 ரன் அணிக்கு உதவியது என்பதை மறுக்கவில்லை. ஆனாலும் பந்துவீச்சாளர் என்று எடுத்துவிட்டு, பந்தைக் கொடுக்கக் கேப்டனே தயங்குகிறார் என்றால், அந்த இடம் பாதி காலியாகவே இருந்தது என்றுதான் பொருள். மான்செஸ்டரில் விழுந்த பத்து விக்கெட்டுகளில் ஜடேஜா எடுத்தவை நான்கு, வாஷிங்டன் எடுத்தவை இரண்டு. சுழலுக்கு ஆறு விக்கெட் கொடுத்த அந்த ஆடுகளத்தில் மணிக்கட்டால் சுழற்றும் ஒருவர் வெளியே உட்கார்ந்திருந்தார்.

லீட்ஸின் ஐந்தாம் நாளையும் நினைத்துப் பாருங்கள். 371 ரன் இலக்கைத் துரத்திய இங்கிலாந்துக்கு 149 ரன் எடுத்துக் கொடுத்த பென் டக்கெட் இடக்கை ஆட்டக்காரர். இடக்கை ஆட்டக்காரருக்கு ஜடேஜாவின் பந்து இயல்பாக உள்ளே வரும். அதை டக்கெட், மட்டையை எதிர்ப்பக்கம் திருப்பி அடிக்கும் ரிவர்ஸ் ஸ்வீப்பில் ஆடித் தள்ளினார். குல்தீப்பின் பந்து அவருக்கு வெளியே விலகிச் செல்லும், அதே கையசைவில் வரும் கூக்ளியோ உள்ளே திரும்பும். எந்தப் பந்து எந்தப் பக்கம் திரும்பும் என்று கையைப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டிய கட்டாயத்தில் இருக்கும் ஆட்டக்காரர் அவ்வளவு எளிதாக ரிவர்ஸ் ஸ்வீப்புக்குப் போக மாட்டார். 2024-இல் இதே இங்கிலாந்து அணி இந்தியாவுக்கு வந்தபோது குல்தீப் நான்கு டெஸ்ட்களில் 19 விக்கெட் எடுத்தவர்.

2021-இல் இங்கிலாந்தில் நடந்த நான்கு டெஸ்ட்களிலும் அஸ்வின் வெளியே அமர்ந்திருந்ததைப் பார்த்த நமக்கு இந்தக் கதை புதிதல்ல. ஆனால் அந்தத் தொடரில் நான்கு வேகப்பந்து வீச்சாளர்களோடு இந்தியா லார்ட்ஸிலும் ஓவலிலும் வென்றது என்பதையும் மறந்துவிடக் கூடாது. இந்த முறையும் ஓவலில் புல் அடர்ந்த ஆடுகளத்தில் குல்தீப் ஆடாதது சரியே; இங்கிலாந்தும் அங்கே முழுநேரச் சுழற்பந்து வீச்சாளர் ஒருவரையும் எடுக்கவில்லை. என் குறை லீட்ஸையும் மான்செஸ்டரையும் பற்றியது.

கேள்வி: பும்ரா ஆடிய மூன்று டெஸ்ட்களில் ஒன்றைக்கூட வெல்லவில்லை, அவர் ஆடாத இரண்டையும் வென்றிருக்கிறோம். அவர் இல்லாமலே அணி நன்றாக ஆடுகிறது என்று நண்பர்கள் வாதிடுகிறார்கள். உங்கள் கருத்து? (ஈரோடு வாசகர்)

பதில்: உங்கள் நண்பர்கள் சொல்லும் கணக்கு சரி, அதிலிருந்து எடுக்கும் முடிவு தவறு. லீட்ஸிலும் லார்ட்ஸிலும் முதல் இன்னிங்ஸில் ஐந்து விக்கெட் எடுத்தவர் பும்ராதான். லீட்ஸில் அவருடைய பந்தில் வந்த கேட்ச்கள் கை நழுவின. பின்வரிசை இரண்டு முறை சரிந்தது. அதற்கெல்லாம் அவரைப் பொறுப்பாக்குவது அநியாயம்.

2025 ஜனவரியில் சிட்னியில் முதுகுப் பிடிப்பால் இரண்டாவது இன்னிங்ஸில் பந்தே வீச முடியாமல் போன ஒருவரை ஐந்து டெஸ்ட்களிலும் ஓட விடாமல், மூன்றில் மட்டும் ஆட வைப்பது என்று தொடருக்கு முன்பே அறிவித்ததைக் குறை சொல்ல மாட்டேன். எந்த மூன்று என்பதில்தான் எனக்கு மாறுபட்ட கருத்து இருந்தது. லீட்ஸில் தோற்றுப் பின்தங்கியிருந்த நிலையில், ஒரு வார ஓய்வுக்குப் பிறகு வந்த எட்ஜ்பாஸ்டனில் அவரை உட்கார வைத்தது அன்றைக்கு எந்த ரசிகருக்கும் ஏற்கத்தக்கதாக இல்லை. ஆனால் அந்த இடத்துக்கு வந்த ஆகாஷ் தீப் 187 ரன் கொடுத்துப் பத்து விக்கெட் எடுத்தார். கிரீஸின் ஓரத்திலிருந்து உள்ளே வந்த பந்து கடைசி நேரத்தில் வெளியே நகர்ந்து ஜோ ரூட்டின் ஸ்டம்பைப் பெயர்த்ததே, அதைப் போன்ற பந்துகளை வீசக்கூடியவர் அணியில் இருந்தார் என்பதுதான் அந்த வெற்றியின் காரணம். பும்ரா இல்லாததால் வெற்றி வந்துவிடவில்லை.

கேள்வி: சாய் சுதர்சனை ஒரே டெஸ்டோடு நீக்கியதும், பிறகு மறுபடி சேர்த்ததும் இளைஞருக்குச் செய்த அநீதி அல்லவா? (சென்னை வாசகர்)

பதில்: அநீதி என்ற சொல் கொஞ்சம் பெரிது. லீட்ஸில் 0, 30 என்று எடுத்தவர் அடுத்த ஆட்டத்தில் நீக்கப்பட்டதற்கு அவருடைய ஆட்டத்தைவிட எட்டாவது இடத்தைப் பற்றிய கவலையே காரணம். ஆல்ரவுண்டர்களைச் சேர்க்க ஓர் ஆட்டக்காரர் போக வேண்டியிருந்தது, கருண் நாயர் மூன்றாவது இடத்துக்கு ஏறினார். இதுதான் எனக்குப் பிடிக்காத பகுதி. புதுப் பந்தைச் சந்திக்க வேண்டிய மூன்றாவது இடம், பந்துவீச்சுக் கணக்கைச் சரிக்கட்ட எடுத்து மாற்றி வைக்கும் இடமாக இருக்கக் கூடாது. மான்செஸ்டரில் திரும்பி வந்து 61 ரன் எடுத்தபோது அவர் பந்துகளை விட்ட விதமும், உடலுக்கு அருகில் ஆடிய விதமும் பொறுமையுள்ளவர் என்று காட்டின. அவர் தொடரில் எடுத்தது ஆறு இன்னிங்ஸ்களில் 140 ரன். நிச்சயமாக இடம் பிடித்துவிட்டார் என்று சொல்ல இது போதாது. நீக்கிவிடவும் இது போதாது. அடுத்து வரும் சில டெஸ்ட்களில் அவரைத் தொடர்ந்து அங்கேயே ஆட விட வேண்டும்.

கேள்வி: ரிஷப் பந்த் காயமடைந்த பிறகு தமிழ்நாட்டின் ஜெகதீசனை அழைத்தார்களே, ஓவலில் ஏன் ஆட வைக்கவில்லை? (கோவை வாசகர்)

பதில்: துருவ் ஜுரெல் தொடரின் தொடக்கத்திலிருந்தே இரண்டாவது கீப்பராக அணியோடு இருந்தவர், பந்த்துக்குப் பதிலாக லார்ட்ஸிலும் மான்செஸ்டரிலும் கீப்பிங் செய்தவரும் அவரே. வரிசையில் முன்னால் நின்றவருக்கு வாய்ப்புப் போனது. ஜெகதீசன் மாற்றுக் கீப்பராகவே அழைக்கப்பட்டார்.

கேள்வி: மான்செஸ்டரில் ஆட்டத்தை டிராவில் முடித்துக்கொள்ளலாம் என்று இங்கிலாந்து கேப்டன் ஸ்டோக்ஸ் கைகுலுக்க வந்தபோது ஜடேஜாவும் வாஷிங்டனும் மறுத்துவிட்டுச் சதம் அடித்தது சரியா? (மதுரை வாசகர்)

பதில்: முழுக்கச் சரி. 311 ரன் பின்தங்கி, முதல் ஓவரிலேயே ரன் எதுவும் எடுக்காமல் இரண்டு விக்கெட்டைப் பறிகொடுத்த அணியைக் காப்பாற்றிய இருவர் அப்போது 89-இலும் 80-இலும் இருந்தார்கள். ஆட்டத்தை முன்கூட்டியே முடிக்க இரு தரப்பும் சம்மதிக்க வேண்டும். ஒரு தரப்பு சம்மதிக்கவில்லை, அவ்வளவுதான்.

கேள்வி: லார்ட்ஸில் ஜடேஜா 181 பந்துகள் ஆடி 61 ரன் மட்டும் எடுத்து நின்றார். துணிந்து அடித்திருந்தால் 22 ரன்னில் தோற்றிருக்க மாட்டோம் என்கிறேன். மறுக்க முடியுமா? (தஞ்சாவூர் வாசகர்)

பதில்: மறுக்கிறேன். இலக்கு 193. ஐந்தாம் நாள் மதிய இடைவேளைக்கு வரும்போது ஸ்கோர் 8 விக்கெட்டுக்கு 112. எதிரே இருக்கப்போகிறவர்கள் பும்ராவும் சிராஜும் மட்டுமே. பந்து பழசாகி மென்மையாகிவிட்டது, ஆடுகளத்தில் மெதுவாக வந்தது, தடுப்பாளர்கள் எல்லைக்கோட்டில் பரவி நின்றார்கள். அந்த நிலையில் ஜடேஜா தூக்கி அடித்து ஒரு கேட்ச் கொடுத்திருந்தால், இன்றைக்கு நீங்கள் அவசரப்பட்டார் என்று எழுதியிருப்பீர்கள். அவர் ஓவரின் முதல் பந்துகளைத் தானே ஆடி, கடைசி ஒன்றிரண்டு பந்துகளுக்குத்தான் மறுமுனைக்கு ஸ்ட்ரைக் கொடுத்தார். பும்ரா 54 பந்துகள் தாக்குப்பிடித்தார், சிராஜ் 30 பந்துகள். 147-இல் ஒன்பதாவது விக்கெட் போன பிறகும் 170 வரை வந்தார்கள். இங்கிலாந்தின் சுழற்பந்து வீச்சாளர் பஷீரின் பந்தை சிராஜ் மட்டையின் நடுவிலேயே தடுத்தார். அது தரையில் சுழன்று பின்னால் உருண்டு லெக் ஸ்டம்பைத் தட்டியது. அதற்கு எந்த வியூகத்தைக் குறை சொல்வது?

இடது கை விரலில் காயத்தோடு பந்து வீசிய பஷீரை இன்னும் கொஞ்சம் அடித்திருக்கலாம் என்ற வாதத்தில் சற்று நியாயம் உண்டு. ஆனால் ஆட்டம் போன இடங்கள் வேறு. இரு அணிகளும் முதல் இன்னிங்ஸில் 387 எடுத்தன. நம் கடைசி நான்கு விக்கெட்டுகள் 11 ரன்னில் விழாமல் இருந்திருந்தால் நமக்கு முன்னிலை இருந்திருக்கும். மூன்றாம் நாள் மதிய இடைவேளைக்கு முன்பே ராகுலுக்குச் சதம் கிடைக்கட்டும் என்ற அவசரத்தில், 74 ரன்னில் நன்றாக ஆடிக்கொண்டிருந்த பந்த் ரன் அவுட் ஆனார். அவர்கள் அதுவரை 141 ரன் சேர்த்திருந்தார்கள். என் பார்வையில் லார்ட்ஸ் டெஸ்ட் கைவிட்டுப் போனது அந்த நேரத்தில்தான்.

கேள்வி: ஓவலில் கடைசி நாள் காலையில் 80 ஓவர் முடிந்தும் கில் ஏன் புதுப் பந்தை எடுக்கவில்லை? எங்கள் தெருவில் இந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை. (திருநெல்வேலி வாசகர்)

பதில்: இலக்கு 374. ப்ரூக் சதம் அடித்து, ரூட் சதத்தை நெருங்க, 3 விக்கெட்டுக்கு 301 என்று இங்கிலாந்து எளிதாக வெல்லும் நிலையில் இருந்தது. பழைய பந்து ஸ்விங் ஆகத் தொடங்கிய பிறகுதான் அவர்கள் 6 விக்கெட்டுக்கு 339 என்று ஆனார்கள்; நான்காம் நாள் அதோடு நின்றது. அடுத்த நாள் தேவைப்பட்டவை 35 ரன் மட்டுமே. புதுப் பந்து கடினமானது, மட்டையில் பட்டால் வேகமாக ஓடும். பின்வரிசையில் விளிம்பில் பட்ட பந்துகூட எல்லைக்கோட்டுக்குப் போய்விடும். காலையில் முதல் இரண்டு பந்துகளிலேயே ஓவர்டன் இரண்டு பவுண்டரி அடித்ததைப் பார்த்தோம். நகரும் பந்து கையில் இருக்கும்போது அதை மாற்றினால் ரன் கொடுக்கும் ஆபத்து கூடுமே தவிர, விக்கெட் எடுக்கும் வாய்ப்பு கூடும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

அந்தப் பழைய பந்தில்தான் சிராஜ் ஜேமி ஸ்மித்தைக் கீப்பரிடம் கேட்ச் கொடுக்க வைத்தார், ஓவர்டனை எல்.பி.டபிள்யூ. ஆக்கினார், பிரசித் கிருஷ்ணா டங்கின் ஸ்டம்பை வீழ்த்தினார். காயமடைந்த கையைக் கழுத்திலிருந்து துணியில் தொங்கவிட்டபடி வோக்ஸ் மறுமுனையில் நிற்க, அட்கின்சன் ஒரு சிக்ஸரும் அடித்து வெற்றிக்கு ஏழு ரன் தேவை என்ற நிலைக்குக் கொண்டுவந்தார். 86-ஆவது ஓவரின் முதல் பந்தில் சிராஜின் யார்க்கர் அவருடைய ஆஃப் ஸ்டம்பைச் சாய்த்தது. இந்தியா ஆறு ரன்னில் வென்றது. மான்செஸ்டரில் அறுபது ஓவர் கடந்த பிறகே வாஷிங்டனுக்குப் பந்தைக் கொடுத்து, அவர் போப்பையும் ப்ரூக்கையும் அடுத்தடுத்து வெளியேற்றியதைப் பார்த்த பிறகு, கில் தன் பந்துவீச்சாளர்களை நம்பத் தயங்குகிறார் என்று நான் எண்ணியிருந்தேன். ஓவலில் அவர் சிராஜையும் பழைய பந்தையும் கடைசிவரை நம்பினார். தெருச் சண்டையில் நான் கில்லின் பக்கம்.