ஒரே புழுவுக்கு மூன்று பெயர்: அறிக்கையில் எதை எழுதுவது?

ஹட்டனிலிருந்து விலங்கியல் இறுதியாண்டு மாணவி ஒருவர் கேட்கிறார்: நிலாவெளிக் கடற்கரை மணலில் ஒரு நூற்புழு (நெமடோட்) நிறையக் கிடைத்திருக்கிறது. பழைய கட்டுரையொன்றில் அதன் படத்துக்குக் கீழே மொன்ஹிஸ்டெரா சிட்டோசா என்று இருக்கிறது, இன்னொன்றில் தெரிஸ்டஸ் சிட்டோசஸ். இணையத் தரவுத்தளமோ தாப்டோனீமா சிட்டோசம் என்கிறது. வகைப்பாட்டில் அது சேரும் வகுப்பின் பெயரும் இடத்துக்கு இடம் மாறுகிறது. எதை எழுதுவது? போமலின் எனும் பதப்படுத்தும் திரவத்தில் போட்ட மிச்ச மணலை வீட்டுக் குழாய் நீரில் கழுவலாமா?

மூன்று பெயரும் ஒரே இனத்துக்குத்தான். ஜெர்மன் விலங்கியலாளர் பூட்ஷ்லி 1874இல் அந்நாட்டின் கீல் துறைமுகப் புழுக்களைப் பற்றி எழுதியபோது அதை மொன்ஹிஸ்டெரா என்ற சாதியில் (நெருங்கிய இனங்களின் தொகுதி) வைத்தார். அந்தச் சாதி அப்போது பெரிய மூட்டை மாதிரி, எதையும் உள்ளே போடலாம். பிறகு அது தெரிஸ்டஸுக்குப் போனது. 1977இல் நூற்புழு ஆய்வாளர் லோரென்சன் இந்தப் புழு சேரும் சைலிடே குடும்பத்தைத் திருத்தியபோது தாப்டோனீமாவுக்கு வந்து சேர்ந்தது. இன்று செல்லுபடியாவது அதுதான்: தாப்டோனீமா சிட்டோசம் (பூட்ஷ்லி, 1874). அடைப்புக்குறியை விட்டுவிடாதீர்கள். முதலில் பெயரிட்டவர் வேறொரு சாதியில் வைத்திருந்தார் என்பதை விலங்கியல் பெயரிடல் விதிப்படி அதுதான் காட்டுகிறது.

வகுப்புச் சிக்கல் இதைவிடச் சின்னது. பழைய பாடநூல்கள் நூற்புழுக்களை அடினோபோரியா, செசர்னென்டியா என்று இரண்டாகப் பிரித்தன. 1998இல் ஆய்வாளர் பிளாக்ஸ்டரும் கூட்டாளிகளும் டீஎன்ஏ வரிசைகளை வைத்துப் பார்த்தபோது அந்தப் பிரிப்பு நிற்கவில்லை. அதன் பிறகு வந்த டெ லே, பிளாக்ஸ்டர் வகைப்பாட்டில் இருப்பவை எனோப்லியா, குரோமடோரியா என்ற இரண்டு வகுப்புகள். உங்கள் புழு குரோமடோரியா வகுப்பில், மொன்ஹிஸ்டெரிடா வருணத்தில் வரும். எந்த வகைப்பாட்டைப் பின்பற்றினீர்கள் என்று முறையியல் பகுதியில் ஒரு வரி எழுதிவிட்டால் பரீட்சகர் கேட்க மாட்டார்.

நான் கேட்பேன், வேறொன்றை. அது சிட்டோசம்தான் என்று எப்படித் தெரியும்? வட ஐரோப்பியக் கடலில் விவரிக்கப்பட்ட இனத்தின் பெயரை, படம் ஒத்துப்போகிறது என்பதற்காக நிலாவெளிப் புழுவுக்கு வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. நம் தேயிலைத் தோட்டங்களில் நடந்ததைப் பாருங்கள். தேயிலை வேரைக் கெடுக்கும் புழு ஒரு காலம் பிராட்டிலென்கஸ் கொஃபியே என்ற பெயரில்தான் ஓடியது. 1960இல் நூற்புழு ஆய்வாளர் லூஃப் அதைத் தனி இனமாகப் பிரித்து, தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தில் வேலை செய்த லூஸின் பெயரால் பிராட்டிலென்கஸ் லூசி என்று பெயரிட்டார். தோட்டத்துக்குத் தோட்டம் தெரிந்த புழுவே அப்படி மறைந்திருந்தது என்றால், யாரும் திரும்பிப் பார்க்காத கடல் மணல் எம்மாத்திரம்!

ஆகவே முதலில் சாதியை உறுதிப்படுத்துங்கள். தலையின் பக்கத்தில் அம்பிட் எனும் உணர்வுறுப்பு வட்டமாக இருக்க வேண்டும், தோலில் குறுக்கு வரிகள் தெரிய வேண்டும். பெண்ணில் ஒரே சூலகம், முன்னோக்கி நீண்டு குடலின் இடப்பக்கம் கிடக்கும். மொன்ஹிஸ்டெரிடே குடும்பத்தில் அது வலப்பக்கம், அதனால் புழுவைக் கண்ணாடித் தகட்டில் எந்தப் பக்கம் சாய்த்து வைத்தீர்கள் என்பதைக் குறித்து வையுங்கள், இல்லாவிட்டால் இடம் வலமாகிவிடும். அப்புறம் வால். அது கூம்பாகவே முடிந்து நுனியில் நீள மயிர் இல்லையென்றால் தெரிஸ்டஸ் பக்கம். கூம்பாகத் தொடங்கி உருளையாக நீண்டு, நுனியில் நீள மயிர்கள் இருந்தால் தாப்டோனீமா. இந்த மயிர்கள் சலிக்கும்போது முறியும். ஒரே புழுவில் காணவில்லை என்று முடிவெடுக்காமல் பலவற்றைப் பாருங்கள்.

இனம் வரை போக வேண்டுமென்றால் வளர்ந்த ஆண் வேண்டும். ஸ்பிக்யூல் எனும் இனச்சேர்க்கை முட்களின் வடிவமும் நீளமும், தலை மயிர்களின் நீளமும் இல்லாமல் பேச முடியாது. குஞ்சுகளும் பெண்களும் மட்டும்தான் கிடைத்தன என்றால் அறிக்கையில் ‘தாப்டோனீமா, இனம் 1’ என்று எழுதுங்கள். அது குறையல்ல, கடல் நூற்புழுச் சூழலியலில் அன்றாடம் செய்வதுதான். கூடவே படமும் அளவுகளும் போட்டு, கண்ணாடித் தகடுகளுக்கு எண் கொடுத்து, பல்கலைக்கழகத்தில் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள்.

சரி, குழாய் நீர். போமலினில் பதப்பட்ட மணலைக் கழுவலாம், கையுறை போட்டு, காற்றோட்டமான இடத்தில். உயிருள்ள மணலை மட்டும் நன்னீரில் கழுவக் கூடாது, புழுக்கள் ஊதி வெடித்துவிடலாம். இன்னொன்று, நம் வீடுகளுக்கு மலையிலிருந்து குழாயில் இறங்கும் ஊற்றுநீரிலும் நூற்புழு இருக்கும். மொன்ஹிஸ்டெராவே நன்னீரில் வாழும் சாதி. வடிகட்டாத நீரில் கழுவினால் ஊற்றுப் புழுவும் நிலாவெளிக் கணக்கில் ஏறிவிடும். வடிதாளில் வடித்த நீரையே பயன்படுத்துங்கள்.

போமலினில் போட்டதிலிருந்து டீஎன்ஏ எடுப்பது பெரும்பாடு. அடுத்த முறை கடற்கரைக்குப் போகும்போது மணலில் ஒரு பங்கைத் தனிப் போத்தலில் எத்தனோலில் போட்டுக்கொண்டு வாருங்கள்.